பார்த்தவள் கையெழுத்து

செத்துப்போனவனின் பெயரைச் சொல்லி உயிரோடிருப்பவன் காசு பறித்தால் அதற்கு மோசடி என்று பெயர். செத்துப்போன தொழிற்சாலையின் பெயரைச் சொல்லி ஒரு முதலீட்டு நிறுவனம் டிரம் விற்றால் அதற்கு மறுமலர்ச்சி என்று பெயர். அகராதி எழுதும் உரிமை எவன் கையில் இருக்கிறது என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

சிகாகோவில், சிசரோ அவென்யூவில் இருந்த ஆர்ன்ஸ்டட் டிரம் தொழிற்சாலை 1983-இல் மூடப்பட்டது. அதைக் கோயிலென்று கும்பிடுகிறவர்கள் உண்டு. நான் அந்தக் கும்பலில் இல்லை. பதினொரு ஆண்டுகள் அங்கே டிரம்மின் உடலான மரக்கூடுகளின் விளிம்பு அறுத்தவன் நான். மரத்தூளில் இருமிய நுரையீரல்களை அறிவேன். ஆண்களின் கூலியில் பாதியை வாங்கிக்கொண்டு பெண்கள் பரிசோதனை அறையில் நின்ற கதையையும் அறிவேன். ஆனால் அங்கே ஒரு விதி இருந்தது: கண்ணால் பார்க்காத கூட்டில் எவரும் கையெழுத்திடுவதில்லை. அந்த விதியையும் முதலாளி தரவில்லை. முன்கூட்டியே கையெழுத்துப் போட்ட பரிசோதனைச் சீட்டுகளைக் கட்டாகக் கேட்ட மேற்பார்வையாளனை எதிர்த்து, 1969-இல் பரிசோதனை அறைப் பெண்கள் இரண்டு நாள் வேலையை நிறுத்திப் பெற்ற விதி அது. முதலில் எழுந்து வெளியே நடந்தவள், அப்போது இருபத்தோரு வயதான ஆல்டோனா பெட்கஸ்.

அந்த ஆல்டோனாவுக்கு இப்போது எழுபத்து நான்கு. ஆண்டுதோறும் மே மாதம் நடக்கும் பழைய டிரம் சந்தையில், நான் விற்கும் உதிரிபாகங்களுக்குப் பக்கத்தில் அவளும் ஒரு மேசை போட்டு உட்காருவாள். மேசைமேல் தூசு தட்டிய கருங்கல் பலகை ஒன்று இருக்கும். எவரும் தங்கள் டிரம்மைக் கொண்டுவரலாம். மேல்தோலைக் கழற்றி, கல்மேல் ஒரு சின்ன விளக்கை வைத்து, அதன்மேல் கூட்டைக் கவிழ்த்து, கறுப்புத் துணியைப் போர்த்தி, அந்தக் காலத்துப் புகைப்படக்காரனைப்போல் அவள் தலையை உள்ளே நுழைப்பாள். விளிம்பு சமமாக இருந்தால் துணிக்குள் இருள். கோணல் இருந்தால், கல்லுக்கும் மரத்துக்கும் நடுவே வெளிச்சம் கசியும். அவ்வளவுதான் பரிசோதனை. வெளிச்சத்துக்கு விளம்பரம் தெரியாது.

அந்தச் சனிக்கிழமை காலை, க்ளீவன் மேபெரி ஒரு டிரம்மைக் கொண்டுவந்து எங்கள் மேசையில் தட்டென்று வைத்தார். நாற்பது ஆண்டுகளாக மேற்குப் பகுதி புளூஸ் இசை விடுதிகளில் வாசிப்பவர், அதிர்ந்து பேசாதவர்.

"மிஸ் ஆல்டோனா, இது உங்க கையெழுத்துதான?"

"என்னப்பா, காலங்காத்தால முகத்த இப்படி வச்சிருக்க?"

"முதல்ல உள்ள பாருங்க. முகத்தைப் பத்தி அப்புறம் பேசலாம்."

மறுபிறவி எடுத்த ஆர்ன்ஸ்டட் நிறுவனம் புதிதாக விற்கும் 'ஸ்னேர்' என்ற சிறிய டிரம் அது. முகப்பில் பழைய தகடு, பழைய எழுத்து, பழைய பொன் பூச்சு. தோலைக் கழற்றினேன். உட்சுவரில் மஞ்சள் காகிதச் சீட்டு. 'பரிசோதித்தவர்' என்ற சொல்லுக்கு எதிரே, வால் நீண்ட அவளுடைய கையெழுத்து. ஓரத்தில் பழுப்பாக ஒரு காப்பிக் கறை.

ஆல்டோனா அந்தக் கறையை நகத்தால் சுரண்டினாள். வரவில்லை. கறையும் அச்சிடப்பட்டதுதான்.

"ஸ்டான், இங்க வந்து பாரு. நான் எப்பவோ ஒரு நாள் காப்பியக் கொட்டுனேன். அதையும் சேத்து அச்சடிச்சிருக்கானுங்க."

"நல்லவேளை, அன்னிக்கு நீ சாண்ட்விச் சாப்பிடல," என்றேன். அவள் சிரிக்கவில்லை.

க்ளீவன் சொன்னார்: "என்னோட பழைய ஆர்ன்ஸ்டட்ட வேனோட தூக்கிட்டுப் போயிட்டானுங்க. அதுலயும் உங்க கையெழுத்துதான் இருந்துச்சு. அத நம்பித்தான் இத வாங்குனேன். போன வாரம் ஒலிப்பதிவு. மூணு மணி நேரம் சுருதி சேத்தேன். ஒரு பக்கம் ஏத்துனா மறுபக்கம் இறங்குது. பொறுத்துப் பாத்துட்டு அவங்க வேற ஆளக் கூப்பிட்டாங்க. என் எதிர்லயே. இருபத்தஞ்சு வயசுப் பையன். வீட்டுக்குப் போற வழியெல்லாம் உங்களத்தான் திட்டிக்கிட்டுப் போனேன்."

"என்னையா?"

"பாத்ததா எழுதியிருக்கீங்களே."

அந்த ஒரு சொல்லில் அவள் முகம் சுருங்கியதைக் கண்டேன். பாதிக் கூலிக்கு உழைத்த காலத்தில்கூட அவளிடம் எவரும் கைவைக்க முடியாதிருந்த சொத்து ஒன்றே ஒன்று: ஆல்டோனா பெட்கஸ் பார்த்தாள் என்றால் பார்த்தாள். அதைத்தான் அச்சு இயந்திரத்தில் போட்டு உருட்டியிருக்கிறார்கள். அவள் விளக்கை ஏற்றி, கூட்டைக் கவிழ்த்து, துணிக்குள் தலையை நுழைத்தாள். வெளியே வந்தபோது நான்கு விரல்களைக் காட்டினாள். நான்கு இடத்தில் வெளிச்சம்.

"கல்லத் தள்ளுவண்டில ஏத்து ஸ்டான்," என்றாள்.

சந்தையின் வடகோடியில் இருந்தது புதிய ஆர்ன்ஸ்டட்டின் அரங்கு. செங்கல் சுவர்போல் வண்ணம் பூசிய அட்டைச் சுவர். அதில் எங்கள் தொழிற்சாலையின் பெரிய புகைப்படம். மேடைமேல் ஒன்பது ஸ்னேர்கள். அவற்றுக்கு நடுவே ட்ரெவர் லாங்லி. ஆர்ன்ஸ்டட் என்ற பெயரை வாங்கிய நிறுவனத்தின் தலைவர். அதற்கு முன்பு வேறெதோ பெயரை வாங்கிச் சமையல் பாத்திரம் விற்றவர்.

ஆல்டோனா தன் பெயரைச் சொன்னதும் அவர் இரு கைகளையும் விரித்தார்.

"மேடம், நீங்க உயிரோட இருக்கீங்களா. எங்களுக்கு இது எவ்வளவு பெரிய கௌரவம் தெரியுமா?"

"உயிரோடதான் இருக்கேன். அது உங்களுக்குத் தொந்தரவா இருக்கும். என் கையெழுத்த எடுங்க."

"அது ஒரு அலங்காரம் மேடம். பாரம்பரியத்துக்கு நாங்க செலுத்துற மரியாதை. சட்டப்படி பாத்தா, பேரு, வரைபடம், தகடு, சீட்டு, எல்லாத்தையும் முறையா வாங்கியிருக்கோம்."

"அந்தப் பட்டியல்ல என் கையும் இருந்துச்சா?"

சுற்றிலும் சிலர் நின்றுவிட்டார்கள். லாங்லி குரலைத் தாழ்த்தினார். புன்னகையை மட்டும் தாழ்த்தவில்லை.

"நான் ஒண்ணு சொல்றேன். இந்த ரெண்டு நாளும் எங்க அரங்குல உக்காருங்க. ஒவ்வொரு டிரம்முலயும் உங்க கையாலயே ஒரு கையெழுத்து. தகுந்தபடி கவனிச்சுக்குறோம்."

"பாத்துட்டுப் போடணுமா, பாக்காமப் போடணுமா?"

"பாக்குறதுக்கு எங்க ஆளுங்க இருக்காங்க மேடம்."

"அப்ப அவங்க பேரப் போடுங்க."

கூட்டத்தில் சிரிப்பு கிளம்பியது. லாங்லியின் காதோரம் சிவந்தது. அப்போதுதான் அவர் அந்தத் தவறைச் செய்தார். வாழ்நாளில் ஒரு முறையும் விளிம்பைத் தடவிப் பாராதவன் மட்டுமே செய்யக்கூடிய தவறு அது. எழுபத்து நான்கு வயதுப் பெண்மணி, கருங்கல், விளக்கு, சுற்றிலும் நீட்டிய செல்போன்கள்: அவர் கண்ணுக்கு அது விளம்பரப் படமாகத் தெரிந்தது.

"சரி, பாருங்களேன். எங்களுக்கு ஒளிச்சு வைக்க ஒண்ணுமில்ல. ஒன்பதையும் பாருங்க. தேறுனதுல கையெழுத்துப் போடுவீங்கல்ல?"

"தேறுனா போடுவேன்."

நானும் க்ளீவனும் தோல்களைக் கழற்றினோம். முதல் கூட்டை அவள் கவிழ்த்தாள், போர்த்தினாள், குனிந்தாள், நிமிர்ந்தாள்.

"மூணு எடம். நம்பாதவங்க தலைய விட்டுப் பாருங்க."

ஒருவர் பின் ஒருவராகத் துணிக்குள் தலையை நுழைத்தார்கள். வெளியே வந்த எவரும் லாங்லியைப் பார்க்கவில்லை. இரண்டாவது கூட்டில் ஐந்து இடம். மூன்றாவது, வட்டமே இல்லை. நான்காவதைக் கையில் எடுத்ததுமே மேசையில் திருப்பி வைத்தாள்.

"மேடம், அத விளக்குல பாக்கவே இல்லையே," என்றார் லாங்லி.

"இதுக்கு விளக்கு வேற தண்டம். விரல வைங்க. படிக்கட்டு மாதிரி இருக்கு."

எட்டு கூடுகள் தேறவில்லை. இந்த இடத்தில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும். இவை தைவானில் செய்யப்பட்டவை என்பதால்தான் இப்படி என்று கூட்டத்தில் ஒருவர் முணுமுணுத்தார். அது பொய். அதே ஊர்க் கைகள் உலகின் மிகச் சிறந்த டிரம்களைச் செய்வதை நான் என் பட்டறையில் தொட்டுப் பார்த்திருக்கிறேன். நல்லதைக் கேட்டால் நல்லதைச் செய்யும் கைகள் அவை. இங்கே கேட்கப்பட்டது வேறு.

ஒன்பதாவது கூட்டுக்கு அவள் குனிந்தாள். நெடுநேரம் நிமிரவில்லை. கூட்டைக் கால்வாசி திருப்பி மறுபடியும் பார்த்தாள். பிறகு துணியை விலக்கினாள்.

"இருட்டு," என்றாள். "சுத்தமான இருட்டு. இது தேறிடுச்சு."

லாங்லி கைதட்டினார். அவர் ஒருவர் மட்டும்.

"நான் சொன்னேன்ல? பேனா கொண்டாங்கப்பா. எல்லாரும் படம் எடுத்துக்கோங்க."

சொன்ன சொல்லை அவள் மீறமாட்டாள். கையெழுத்திட்டால், நாளைக்கு அந்த ஒரு படம் எட்டு கோணல்களையும் மூடி மறைத்துவிடும்.

ஆல்டோனா பேனாவைத் தொடவில்லை. விளக்கைக் கூட்டுக்குள் பிடித்தாள். விளிம்பின் உட்புறத்தில் இயந்திரத்தின் கோடுகளுக்கு மேலே வேறு கோடுகள் இருந்தன. கையால், பொறுமையாக, உப்புத்தாள் பிடித்துத் தேய்த்தவை. எட்டு கூடுகளில் இல்லாத கோடுகள். அவள் பார்வை சீட்டின்மேல் நின்றது. மட்டமான பசை; ஒரு முனை தூக்கிக்கொண்டிருந்தது. அந்த முனையை விரலால் மெல்ல உயர்த்தினாள். அடியில், மரத்தின்மேல், பென்சிலில், ஒருவர் தன் பெயரை எழுதியதுபோல், சீன எழுத்துகள். மூன்று.

"மிஸ்டர் லாங்லி, ஒரு விளிம்பு வெட்ட உங்க ஒப்பந்தத்துல எத்தன நிமிஷம்?"

"அது வியாபார விவரம்."

"ஆறு," என்றார் அரங்கின் ஓரத்தில் நின்ற அவருடைய விற்பனையாளர். சொன்ன பிறகுதான் சொல்லியிருக்கக்கூடாது என்று அவருக்கு உறைத்தது.

"இத ஆறு நிமிஷத்துல எவனும் செய்ய முடியாது," என்றேன். "நான் அரை மணி எடுப்பேன்."

"நீ ஒரு மணி எடுத்தும் நான் திருப்பி அனுப்பியிருக்கேன்," என்றாள் ஆல்டோனா என்னைப் பார்க்காமல். பிறகு லாங்லியிடம் திரும்பினாள். "இது யாரு?"

"எது யாரு?"

"இந்தப் பேரு."

"அங்க எத்தனையோ பேரு வேல செய்றாங்க. யாரோ கிறுக்கியிருப்பாங்க."

"யாரோ. உங்க ஆறு நிமிஷத்த மீறி, தன் நேரத்தத் திருடி, ஒரே ஒரு கூட்ட ஒழுங்கா செஞ்சு, அதப் பாத்து, பேரெழுதி வச்சிருக்காங்க. அந்தப் பேரு மேல என் பேர ஒட்டி மறைச்சிட்டீங்க. என் பேர மட்டுந்தான் திருடுனீங்கன்னு நெனச்சேன்."

அவள் கால்சட்டைப் பையிலிருந்து சுரண்டும் தகட்டை எடுத்தாள்.

"மேடம், நிறுத்துங்க," என்றார் லாங்லி. அந்தக் குரலில் பாரம்பரியமும் இல்லை, கௌரவமும் இல்லை. "அது கம்பெனிச் சொத்து. ஒரு கீறல் விழுந்தாலும் காவலரக் கூப்பிடுவேன்."

தகடு அந்தரத்தில் நின்றது. அவர் சொன்னது சட்டம். பெயரைத் திருடியவனுக்குத் துணை நின்ற அதே சட்டம், பெயருக்கு உரியவளின் கையைப் பிடித்தது. மெல்ல அவள் தகட்டைத் தாழ்த்தினாள்.

க்ளீவன் தன் டிரம்மைக் கருங்கல்லின் பக்கத்தில் வைத்தார்.

"லாங்லி சார். இத உங்ககிட்டதான் வாங்குனேன். முப்பது நாள் ஆகல. கோணல்னு எல்லாரும் பாத்துட்டாங்க. மாத்திக் குடுங்க."

"அதுக்கு ஒரு முறை இருக்கு. படிவம்..."

"இத்தன செல்போனு பாக்குது சார். படிவத்த எதுல வச்சு எழுதச் சொல்றீங்க, என் தலைலயா?"

லாங்லி செல்போன்களைப் பார்த்தார். "சரி. எது வேணுமோ எடுத்துக்கோங்க."

"இது," என்று க்ளீவன் ஒன்பதாவதைத் தூக்கினார். இரண்டடி நடந்து, அதை ஆல்டோனாவின் முன்னே வைத்தார். "மிஸ் ஆல்டோனா, இப்ப இது என்னோட சொத்து. சொத்துக்காரன் சொல்றேன். சுரண்டுங்க."

அவள் சுரண்டினாள். வால் நீண்ட கையெழுத்து சுருண்டு உதிர்ந்தது. காப்பிக் கறையும் உதிர்ந்தது. கூட்டத்தில் ஒருவர் தன் பையைத் திறந்து இன்னொரு புதிய ஆர்ன்ஸ்டட்டை எடுத்தார். அவர் பின்னால் ஒரு பெண். அவள் பின்னால் இருவர். எவரும் அழைக்கவில்லை, வரிசை தானாக நின்றது.

க்ளீவன் பென்சில் எழுத்துகளைக் காட்டினார். "பக்கத்துல உங்க பேரையும் எழுதுங்களேன். இத நீங்க நெசமாவே பாத்தீங்கள்ல?"

"எனக்கு முன்னாடி பாத்த ஆளு இருக்காங்க. அது போதும்." அவள் கையை என் பக்கம் நீட்டினாள். "ஸ்டான், வார்னிஷ் வச்சிருக்கியா?"

கொடுத்தேன். சின்னத் தூரிகையால் அந்த மூன்று எழுத்துகளின்மேல், அழியாதபடி ஒரே ஒரு பூச்சு பூசினாள். ஈரத்தில் பென்சில் கோடுகள் கறுத்துத் தெளிந்தன.

அப்போது அவள் தோளுக்குமேல் ஒரு கை நீண்டது. லாங்லி. கையில் செல்போன். அவர் மேசையையும் பார்க்கவில்லை, வரிசையையும் பார்க்கவில்லை. அந்த எழுத்துகளை மட்டும் பார்த்துக்கொண்டிருந்தார், சந்தையில் சரக்கைப் பார்ப்பதுபோல.

"இது நல்லா இருக்கே," என்றார். "உண்மையிலேயே நல்லா இருக்கு. ஒரே ஒரு படம், அடுத்த சீட்டுல அச்சடிக்க..."

ஆல்டோனா கறுப்புத் துணியை இழுத்து டிரம்மை மூடினாள்.

"அடுத்தது யாரு?" என்று வரிசையைப் பார்த்துக் கேட்டாள்.