மூன்று வெட்டு விழுந்த காது

ஐந்து ஆடுகளையும் ஈரத்துணியால் துடைத்து மாமரத்தில் வரிசையாகக் கட்டி முடித்தபோது, அமுகேவுக்கு இடுப்பு விட்டுப்போயிருந்தது. இரண்டடி பின்னால் நகர்ந்து நின்று பார்த்தாள். கருப்பு இரண்டு, செவலை இரண்டு, வெள்ளையில் புள்ளி போட்டது ஒன்று. ஐந்துக்கும் இடது காதில் மூன்று வெட்டு.

பத்து மணிக்கு வாத்தியார் வருவார்.

வாத்தியார் என்றால் பள்ளிக்கூட வாத்தியார் இல்லை. சொரோட்டி நகரத்திலிருந்து மோட்டார் சைக்கிளில் வருகிற மானிய நிறுவனத்து ஆள். பெயர் பெனடிக்ட். நான்கு மாதம் மரத்தடியில் உட்காரவைத்து, எது லாபம், எது வெறும் வரவு என்று பாடம் நடத்தியதால் ஊரே அவரை வாத்தியாராக்கிவிட்டது. மூன்று மூன்று பெண்களாகச் சேர்த்து, திருப்பித் தர வேண்டாத மானியம் கொடுத்தார்கள். அமுகே, விதவை அடெக்கே, போன வருடம் கல்யாணமாகி வந்த அகுரூத், இவர்கள் மூவரும் ஒரு குழு; மூன்றும் வேறு வேறு குலத்து வீடுகள். மூன்று ஆட்டில் ஆரம்பித்தார்கள். கொழுக்கவைத்து விற்று, மறுபடி வாங்கி, எட்டு மாதத்தில் ஐந்தாக்கியிருந்தார்கள். அமுகேயின் நான்கு பிள்ளைகளும் ராத்திரிச் சாப்பாடு என்று ஒன்று இருப்பதை இப்போதுதான் நம்பத் தொடங்கியிருந்தன.

இன்றைக்கு வாத்தியார் ஆடுகளைத் தன் கண்ணால் பார்த்து, போட்டோ எடுத்து, தொழில் உயிரோடு இருக்கிறது என்று எழுதினால் இரண்டாவது மானியம் வரும். ஆடு கண்ணில் படாவிட்டால் வராது.

"அக்கா! ஆட்டை அவுரு!"

வேலியை ஒரே தாவாகத் தாண்டி வந்தாள் அகுரூத். பின்னாலேயே மூச்சு வாங்கிக்கொண்டு அடெக்கே.

"ஏன்டி, ஆடு துடைச்ச களைப்பே எனக்கு இன்னும் தீரலை."

"உன் வீட்டுக்காரர் நேத்து கள்ளுப் பானையில குழலைப் போட்டுக்கிட்டு என்ன பேசினார்னு தெரியுமா? எங்க வீட்டு ஆளு பக்கத்துலயே உக்காந்து உறிஞ்சிட்டு இருந்திருக்கு. காலையிலதான் வாயத் தொறந்துச்சு. உன் கொழுந்தன் கல்யாணத்துக்குப் பொண்ணு வீட்டுக்குக் கொடுக்குறதுல அஞ்சு ஆடு குறையுதாம். 'அதான் என் வீட்டு முற்றத்துலயே அஞ்சு நிக்குதே'ன்னு உன் ஆளு நெஞ்சைத் தட்டிச் சொல்லியிருக்கார்."

அமுகே கையிலிருந்த ஈரத்துணியைக் கீழே போட்டாள். "எப்ப புடிக்க வர்றாங்க?"

"இன்னிக்கு. வாத்தியார் வர்ற நாளு, அஞ்சும் ஒரே எடத்துல கழுவித் தொடச்சு நிக்கும்னு உன் மாமனாருக்கு நாளு குறிச்சுக் கொடுத்ததே உன் ஆளுதான்!"

புருஷன் எதியாங் விடிவதற்கு முன்பே எழுந்து முகம் மழித்துக்கொண்டதும், துவைத்த சட்டையை எடுத்து மாட்டியதும் அமுகேயின் கண்ணுக்குள் வந்து நின்றது. கடைத்தெரு வரைக்கும் போய்வருகிறேன் என்றுதான் சொல்லிவிட்டுப் போனான்.

"நல்ல புருஷன்டி," என்றாள் அடெக்கே. "எம் புருஷன் செத்துப்போய் என்னைக் கெடுத்தான். ஒம் புருஷன் உசுரோட இருந்து கெடுக்குறான்."

அமுகே மாமரத்தை நோக்கித் திரும்பினாள். அவள் கை தானாகவே கயிறுகளை அவிழ்த்துக்கொண்டிருந்தது. அது பழக்கப்பட்ட கை. சிறுவயதில் மாட்டுக் கொள்ளையர் வருகிறார்கள் என்று கூக்குரல் கேட்டால், அப்பா இப்படித்தான் கண்ணை மூடித் திறப்பதற்குள் கயிறுகளை அவிழ்ப்பார். மந்தையைக் கோரைச் சதுப்புக்குள் ஓட்டி, அக்கரையில் சிநேகிதர் தொழுவத்தில் கட்டிவிட்டு, கொள்ளையர் முன்னால் வெறும் முற்றத்தில் வந்து நிற்பார்.

"அக்கா, உன் தம்பி வீட்டுக்கு ஓட்டிட்டுப் போங்க. சதுப்பைத் தாண்டி."

அடெக்கே இடுப்பில் கைவைத்தாள். "ஓட்டிட்டுப் போறேன். வாத்தியார் வந்தா எதைக் காட்டுவ? ஆட்டுப் புழுக்கையவா?"

"அவரை நான் அங்க கூட்டிட்டு வந்திடுறேன். மாமனார் வெயில் ஏறித்தான் கெளம்புவார்."

"ஒன் மாமனாருக்குப் பயந்து ஆட்டைச் சதுப்புக்குள்ள ஓட்டுறோம். அது என்ன அர்த்தம்னு யோசிச்சியா?"

"யோசிக்க இப்ப நேரமில்லக்கா."

இரண்டு பெண்களும் ஐந்து ஆடுகளும் சோளக்கொல்லைக்குப் பின்னால் மறைந்தார்கள். அமுகே முற்றத்தைப் பெருக்கினாள். புழுக்கைகளைக்கூட விடவில்லை.

வாத்தியார் ஒன்பதரைக்கே வந்துவிட்டார். தலைக்கவசத்தைக் கழற்றிக்கொண்டே மாமரத்தைப் பார்த்தார். மரத்தில் கயிறு தேய்ந்த தடம் மட்டும் இருந்தது.

"என்னம்மா, ஆடு?"

"இருக்கு வாத்தியாரே. சதுப்புக்கு அந்தப் பக்கம். வண்டிய எடுங்க, ரோட்டு வழியா சுத்திப் போனா அரை மணி நேரம்தான். நான் பின்னால உக்காந்துக்கிறேன்."

"குழுவோட முகவரி இதுதானே? அங்க ஏன் போச்சு?"

"போற வழியில சொல்றேன்."

அவர் உதட்டைப் பிதுக்கினார். ஆனாலும் வண்டியை உதைத்தார். அமுகே பின்னால் ஏற ஒரு காலைத் தூக்கிய நேரத்தில் வேலிப் படல் திறந்தது.

முன்னால் மாமனார் ஓகிரோர். கையில் எப்போதும் போல உட்காருவதற்கான சின்ன மர முக்காலி. குலத்து வழக்குகளையெல்லாம் அந்த முக்காலியில் உட்கார்ந்துதான் தீர்ப்பார். அவருக்குப் பின்னால் மாப்பிள்ளை ஜோரில் கொழுந்தன் இலுக்கோல், தோளில் ஐந்து புதுக் கயிறு. கடைசியாக, துவைத்த சட்டையில் எதியாங்.

வெயில் ஏறவே இல்லை.

தூக்கிய காலைக் கீழே வைத்து அமுகே மண்ணில் மண்டியிட்டாள். மாமனாருக்கு மருமகள் வணக்கம் சொல்வது மண்டியிட்டுத்தான். அவர் எழுந்திரு என்கிற வரைக்கும் எழுந்திருக்கவும் கூடாது.

"நல்லா இருக்கீங்களா மாமா?"

"இருக்கேன், மருமவளே. பிள்ளைங்க?"

"நல்லா இருக்காங்க."

முக்காலியைப் போட்டு உட்கார்ந்தார். எழுந்திரு என்று சொல்லவில்லை. எதியாங் மாமரத்தைப் பார்த்தான், கொட்டகைக்குள் எட்டிப் பார்த்தான், திரும்பி வந்தான். சட்டைக் கழுத்து நனைந்திருந்தது.

"ஆடு எங்கடி?"

"எந்த ஆடு?"

"வெளையாடாத! காலையில இங்கதானே நின்னுச்சு!"

இலுக்கோல் சிரித்தான். "அண்ணி ஆட்டுக்கு றெக்க மொளைக்க வச்சிட்டாங்க போலண்ணே."

வாத்தியாருக்கு எதுவும் பிடிபடவில்லை. கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "பெரியவங்க மன்னிக்கணும். எனக்கு இன்னும் ஆறு குழு பாக்க வேண்டியிருக்கு. அம்மா, ஆடு இருந்தா காட்டுங்க. இல்லேன்னா இல்லைன்னு எழுதிட்டுப் போறேன்."

காகிதத்தை எடுத்துத் தொடைமேல் வைத்துக்கொண்டார். பேனா மூடி திறக்கிற சத்தம் அமுகேவுக்குத் துல்லியமாகக் கேட்டது.

நான்கு ஆண்கள் அவளையே பார்த்தார்கள். முழங்காலில் ஒரு கல் குத்திக்கொண்டிருந்தது. இடத்தைச் சொன்னால் இலுக்கோலின் தோளில் கிடக்கிற ஐந்து கயிற்றுக்கும் வேலை வந்துவிடும். சொல்லாவிட்டால் இரண்டாவது மானியம் அந்தப் பேனா முனையிலேயே முடிந்துவிடும். விற்றுவிட்டேன் என்று பொய் சொல்லலாம். உடனே வாத்தியார், பணம் எங்கே என்று, மூன்று பூட்டுப் போட்ட குழுவின் சேமிப்புப் பெட்டியைத் திறக்கச் சொல்வார். தனக்கு மட்டும் என்றால் வாயை மூடிக்கொண்டிருப்பாள். ஆனால் கோரைச் சேற்றில் முழங்கால் வரை நனைந்து அக்கரைக்குப் போய் இரண்டு பேர் அந்த ஆடுகளுடன் நிற்கிறார்கள்.

"அடெக்கே அக்காவோட தம்பி வீட்டுல," என்றாள். "சதுப்புக்கு அந்தப் பக்கம்."

"எப்ப போச்சு?" என்றார் மாமனார்.

"காலையில."

"நாங்க வர்றது தெரிஞ்சா?"

அவள் தலையைக் குனிந்துகொண்டாள். ஓகிரோர் மெதுவாக எழுந்து முக்காலியைக் கையில் எடுத்தார்.

"வா. நானும் பாக்கணும்."

வாத்தியார் வண்டியை அங்கேயே விட்டுவிட்டு, ஷூவைக் கழற்றிக் கழுத்தில் மாட்டிக்கொண்டார். கோரைக்கு நடுவே ஒருவர் பின் ஒருவராக ஐந்து பேரும் போனார்கள். பாதி வழியில் எதியாங் அவள் காதருகே வந்து, "எங்கப்பன் முன்னாடி என் மானத்த வாங்கிட்டியே," என்றான். "நேத்து பானைக்கு முன்னாடி நீ எதை வித்த?" என்று கேட்டுவிட்டு அவள் சேற்றில் காலை எடுத்து வைத்தாள்.

அக்கரை வீட்டு முற்றத்தில் ஆடுகள் நின்றன. வருகிற கூட்டத்தைப் பார்த்ததும் அகுரூத் வாயைப் பொத்திக்கொண்டாள். அடெக்கே அசையவில்லை. இலுக்கோல் நேராகப் போய் முதல் செவலையின் கழுத்தில் கயிற்றைப் போட்டான்.

"தம்பி, மாப்பிள்ளை," என்றாள் அடெக்கே இனிக்க இனிக்க. "எந்தப் பக்கம் உன்னுது? தலையா, வாலா?"

"எங்க அண்ணி ஆடு. உனக்கென்ன நோவுது?"

"மாமா," என்றாள் அமுகே. நின்றுகொண்டே பேசுகிறோம் என்பது அவளுக்கே அப்போதுதான் உறைத்தது. "இதுல என் ஆடுன்னு ஒண்ணு கிடையாது. அக்கா ஆடுன்னோ, இவ ஆடுன்னோவும் கிடையாது. நாங்க பிரிக்கவே இல்ல. காதைப் பாருங்க. ஒவ்வொரு ஆட்டுக் காதுலயும் மூணு வெட்டு, ஆளுக்கு ஒண்ணு. எதைப் புடிச்சாலும் ரெண்டு பங்கு அடுத்த குலத்தோடது."

ஓகிரோர் செவலையின் காதை விரித்து, மூன்று வெட்டையும் கட்டைவிரலால் தடவிப் பார்த்தார். அடுத்த ஆட்டின் காது. அதற்கடுத்தது. அடுத்த குலத்து ஆட்டைக் கேட்காமல் பிடித்துவந்த ஒருவனுக்குப் போன அறுவடைக் காலத்தில் ஒரு காளையை அபராதமாக விதித்தவரே அவர்தான். அந்த வழக்குக்கு ஊரே கூடியிருந்தது. அமுகேயும் கூட்டத்தில் நின்றிருந்தாள்.

"கயித்தை எடு," என்றார் மகனிடம்.

"அப்பா! பொண்ணு வீட்டுக்கு என்ன சொல்றது?"

"ஒன் அண்ணன் வாய் பானைக்குள்ள இருந்தப்ப பேசினதுன்னு சொல்லு."

அடெக்கே 'களுக்'கென்று சிரித்துவிட்டு, உடனே அதை இருமலாக மாற்றினாள். வாத்தியார் ஒவ்வொரு ஆடாக நிறுத்திப் போட்டோ எடுத்தார். காகிதத்தில் கட்டம் கட்டமாக டிக் விழுந்தது. "இன்னும் மூணு வாரத்துல வந்துடும்மா," என்றார். அகுரூத் அமுகேயின் கையைப் பிடித்து நசுக்கினாள்.

அந்தச் சந்தோஷம் அரை நிமிஷம் இருந்திருக்குமா, தெரியவில்லை.

"மருமவளே."

அமுகே மண்டியிட்டாள்.

"ஆடு ஒங்களுது. சரி. புல்லு எங்களுது. நாளையிலேருந்து குலத்து நெலத்துல அதுங்க வாய் வைக்கக் கூடாது."

"மாமா..."

"ஆட்டுக்காகச் சொல்லல. அதை நான் அப்பவே விட்டுட்டேன்." அவர் குரல் உயரவே இல்லை. அதுதான் அவளுக்குப் பயமாக இருந்தது. "கொள்ளைக்காரன் வந்தாத்தான் ஆட்டைச் சதுப்பைத் தாண்டி ஓட்டுவோம். எங்கப்பன் ஓட்டினான், நான் ஓட்டியிருக்கேன். இன்னிக்கு எனக்குப் பயந்து ஓட்டியிருக்க. இந்தக் காதை என் முற்றத்துக்கு வந்து காட்டியிருந்தா?"

"விட்டிருப்பீங்களா மாமா?"

அவர் யோசித்தார். உண்மையாகவே யோசித்தார்.

"தெரியல. இனிமே ஒனக்கும் தெரியப்போறதில்ல, எனக்கும் தெரியப்போறதில்ல."

முக்காலியை எடுத்துக்கொண்டு கோரைக்குள் இறங்கிவிட்டார். மகன்கள் இருவரும் பின்னால் போனார்கள். எதியாங் திரும்பிப் பார்க்கவில்லை.

அமுகே எழுந்து வாத்தியாரிடம் போனாள். "வாத்தியாரே, அந்தக் காகிதத்துல புல்லுக்கு ஏதாவது எடம் இருக்கா?"

அவர் தாளைப் புரட்டினார். பின்பக்கமும் பார்த்தார். "ஆடு எத்தனைன்னுதாம்மா கேட்டிருக்கு," என்றார். அவள் முகத்தைப் பார்க்காமல் கழுத்தில் தொங்கிய ஷூ நாடாவை இறுக்கிக் கட்டினார். சேறு உலராத காலோடு மறுபடி கோரைக்குள் இறங்கினார்.

அக்கரையிலேயே மேய்க்கலாமா என்று அடெக்கே தன் தம்பியைக் கேட்டாள். அவனுடைய பசுவுக்கே பத்தாத மேய்ச்சல். ஒரு ராத்திரி கட்டிக்கொள்ளலாம், அதற்கு மேல் தாங்காது என்றான். ஓகிரோரைப் பகைத்துக்கொண்டு புல் தர அகுரூத் வீட்டுக் குலத்திலும் அடெக்கே வீட்டுக் குலத்திலும் யாரும் தயாராயில்லை.

மறுநாள் காலை, சொரோட்டி போகிற செம்மண் சாலையின் ஓரத்தில் மூன்று பெண்களும் ஐந்து ஆடுகளுடன் நின்றார்கள். சாலை எந்தக் குலத்துக்கும் சொந்தமில்லை. அதன் ஓரத்துப் புல்லில் லாரிப் புழுதி ஒரு விரல்கடை படிந்திருந்தது. ஆடுகள் ஒரு வாய் கடித்துவிட்டுத் தும்மின.

"கவர்மெண்டு புல்லுடி," என்றாள் அடெக்கே. "வரி கட்டின ருசி இருக்கும், தின்னச் சொல்லு."

அகுரூத் சிரித்தாள். அமுகேவுக்குச் சிரிப்பு வரவில்லை. மூன்று வாரத்தில் மானியம் வரும். இன்னும் இரண்டு ஆடு வாங்கலாம் என்றுதான் திட்டம். ஏழு ஆடு இந்தப் புழுதியில் எத்தனை நாள் தாங்கும்? ராத்திரி எதியாங் களியைத் தொடாமல் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். கடைக்குட்டி மட்டும் அவன் பங்கையும் சேர்த்துத் தின்றது.

தூரத்தில் ஓகிரோர் வருவது தெரிந்தது. கையில் முக்காலி. எங்கோ ஒரு வழக்குக்குப் போகிறார்.

அமுகே ஐந்து கயிற்றையும் மணிக்கட்டில் சுற்றிக்கொண்டு சாலைப் புழுதியில் மண்டியிட்டாள். "நல்லா இருக்கீங்களா மாமா?"

அவர் நின்றார். ஆடுகளைப் பார்த்தார். அவளைப் பார்க்கவில்லை.

"இருக்கேன்," என்றார். வழக்கமாகப் பிள்ளைகளைக் கேட்பார். இன்றைக்குக் கேட்கவில்லை. நடந்துவிட்டார்.

எழுந்திரு என்றும் சொல்லவில்லை. சாலையோர ஓடைக்கு அந்தப் பக்கம் குலத்து நிலத்தில் பச்சைப் புல் முழங்கால் உயரத்துக்கு நின்றது. புள்ளி ஆடு அதைப் பார்த்துவிட்டது. கழுத்தை நீட்டி, முழு பலத்தோடு அந்தப் பக்கம் இழுத்தது. அமுகே மண்டியிட்டபடியே கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றி இறுக்கிப் பிடித்தாள்.