ஸ்ராஸ்பூர் பனியில் வைத்த நேர்த்தி

நுணலும் தன் வாயால் கெடும் என்பார்கள். றெமிஜியஸ் கெட்டதும் வாயால்தான். அதுவும் ஆட்டம் முடிய ஐந்து நிமிடம் இருக்கையில், பக்கத்தில் நின்றவனுக்கும் கேட்காமல் முணுமுணுத்த இரண்டே வசனங்களால்.

அவன் விளையாடும் பூவரசந்துறைக் கல்லூரி உதைபந்தாட்ட அணி என்றதும் பதினெட்டு வயதுப் பெடியள் என்று நினைத்துவிடாதீர்கள். படிப்பை முடித்து இருபது வருடம் தாண்டினாலும், பரிஸில் எங்கள் ஆட்களுக்கு ஞாயிற்றுக்கிழமையானால் தாங்கள் இன்னும் கல்லூரி மாணவர்தான். கோப்பை கழுவுகிறவர், கணக்கெழுதுகிறவர், தொப்பை விழுந்தவர் எல்லாரும் பழைய கல்லூரியின் நிறத்தில் சட்டை போட்டுக்கொண்டு இறங்குவார்கள். றெமிஜியஸுக்கு நாற்பத்திரண்டு வயது. றுவாசி விமான நிலையத்தில் பயணப்பெட்டி ஏற்றுகிற வேலை. இடது முழங்கால் ஒருமுறை வெட்டித் தைத்தது.

அன்று ஸ்ராஸ்பூரில் விளையாட்டு. ஸ்ராஸ்பூர்த் தமிழர் அணியை அவர்களின் மைதானத்திலேயே வென்றால்தான் இறுதியாட்டம். சமமாக முடிந்தால் மூட்டையைக் கட்டிக்கொண்டு வரவேண்டியதுதான். ஒன்றுக்கு ஒன்று. பனிமூட்டமோ, கோல் கம்பங்களை விழுங்கி, பிறகு மைதானத்தின் பாதியையும் விழுங்கிவிட்டது. பந்து எங்கே என்று தெரியவில்லை; யாரோ உதைக்கிற சத்தம் மட்டும் கேட்கிறது. தன்னுடைய ஆட்களே வெள்ளைக்குள்ளிருந்து வந்து வெள்ளைக்குள் போனார்கள். முழங்கால் விண் விண் என்றது. அப்போதுதான் அந்த வசனங்கள் வந்தன.

“அந்தோனியாரே, இந்த ஒரு கோலைத் தாரும். இனி நான் விளையாடவே மாட்டன்.”

அவ்வளவுதான். பனிக்குள்ளிருந்து ஏதோ ஒன்று வந்து நெற்றியில் மோதியது. றெமிஜியஸ் நிலத்தில் கிடந்தான். கொஞ்ச நேரம் ஒரு சத்தமும் இல்லை. பிறகு எங்கேயோ தூரத்தில் நடுவர் விசில் ஊதினார், தலைவர் குணரத்தினம் வந்து மேலே விழுந்தார், அவருக்கு மேலே மற்றவர்கள் விழுந்தார்கள். கோல். தான் போட்ட கோலைத் தானே காணாதவன் உலகத்தில் இவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

திரும்பி வருகிற வான் வண்டிக்குள் ஒரே பாட்டும் கூத்தும். றெமிஜியஸ் கண்ணாடியில் தலையைச் சாய்த்துக்கொண்டு வெளியே பார்த்தான். வயல்களின் மேலே பனி இறங்கியிருந்தது. மரங்களின் நுனிகள் மட்டும் மிதந்தன. விழித்திருக்கிறோமா நித்திரையா என்று அவனுக்கே பிடிபடவில்லை.

“அடுத்த ஞாயிறு இறுதியாட்டம், ஆலங்கரையோட,” என்றார் குணரத்தினம். “றெமி, போன வருசத்துக்குக் கணக்குத் தீர்க்கிறாய், விளங்கிச்சோ?”

விளங்காமல் என்ன. ஆலங்கரைக் கல்லூரியும் இவர்களுடையதும் ஊரில் ஒரே றோட்டின் இரண்டு கரை. பரிஸில் பதினொரு வருடமாக அவர்களோடு விளையாடி ஒருதடவைகூட வென்றதில்லை. போன வருடம் வென்றிருக்கலாம். காப்பாளரே இல்லாத வெறும் கோலுக்கு வெளியே பந்தை அடித்த மகராசன் றெமிஜியஸ்தான். அந்த அவமானத்தைக் கழுவ அவனுக்கு இருந்தது அடுத்த ஞாயிறு ஒன்றே. அதைத்தான் அவன் அந்தோனியாருக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்திருந்தான்.

கூசேன்வில் வீட்டில் மனைவி கஜானி சேற்றுச் சட்டையை வாங்கிக்கொண்டே முழுவதையும் கேட்டாள். பாதியில் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

“நேர்த்தி எண்டா நேர்த்திதான். அந்தோனியாரோட சேட்டை விடாதேங்கோ. கடலுக்குப் போறவனே அவருக்குச் சொன்ன சொல்லை மீறமாட்டான்.”

“அப்ப நான் என்ன செய்யிறது?”

“சுவாமியிட்டப் போங்கோ. நேர்த்தியை வேற நேர்த்தியா மாத்திவிட சுவாமிமாருக்கு ஏலும். எங்கட அம்மாவுக்கு ஒருக்கா மாத்திக் குடுத்தவை.”

“எந்தச் சுவாமியிட்ட?”

கஜானி சட்டையை வாளிக்குள் அமுக்கினாள். லா சப்பல் தேவாலயத்தில் தமிழ்ப் பூசை வைக்கிற பாதிரியார் ஒரே ஒருவர்தான், வலன்ரைன் சுவாமி. சுவாமி படித்தது ஆலங்கரைக் கல்லூரியில். படித்ததோடு விட்டாரா, அந்தக் காலத்தில் அவர்களின் கோல் காப்பாளரும் அவர்தான். எலிக்கு விடுதலை வேண்டுமென்றால் பூனையிடம் மனுக்கொடுக்க வேண்டும்.

அந்தக் கிழமை முழுக்க றெமிஜியஸ் கால் நிலத்தில் படாமல் திரிந்தான். வேலையில் பெட்டிகள் ஓடுபட்டியில் வளைந்து வளைந்து வந்தன. ஒவ்வொன்றும் பனிக்குள்ளிருந்து வருவதுபோலவே இருந்தது, நெற்றியைத் தடவிக்கொண்டான். புதன்கிழமை தமிழ்க் கடைகள் உள்ள ரூ காய் தெருவில் மரக்கறி வாங்கப் போனால், தெரியாதவர்களெல்லாம் தோளில் தட்டினார்கள். ஒருவர் தேத்தண்ணி வாங்கிக் கொடுத்தார். கடையில் முருங்கைக்காய் கட்டிக்கொண்டிருந்த யூலியன் ஆலங்கரையின் பின்வரிசை ஆட்டக்காரன். அவன் தலையை நிமிர்த்தாமலே சொன்னான்:

“அண்ணை, இந்தமுறை கோல் கம்பத்தைக் கொஞ்சம் அகலமா நடச் சொல்லட்டே?”

கடை முழுக்கச் சிரித்தது. றெமிஜியஸும் சிரித்தான். ஆனால் மீதிக் காசை வாங்க மறந்து வெளியே வந்தான். ஞாயிறு இறங்காமல் நின்றால் யூலியன் சாகும்வரைக்கும் இதையே சொல்லுவான். இறங்கினால் அந்தோனியாரின் முகத்தில் எப்படி முழிப்பது?

வியாழக்கிழமை பின்னேரம் கோயிலுக்குப் போனான். பூசை உடுப்புகள் வைக்கிற சின்ன அறையில், ஒரு மேசைக்குப் பின்னால், சுவாமி ஞாயிற்றுக்கிழமைக்கான வாசகங்களைப் புரட்டிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது, அகன்ற கைகள். றெமிஜியஸ் நின்றபடியே ஒப்பித்தான். சுவாமி நடுவில் ஒருதடவையும் குறுக்கிடவில்லை. ஜன்னலில் மழை ஓடிக்கொண்டிருந்தது, மேலே பாலத்தில் மெத்ரோ போய் ஓய்ந்தது.

“நீர் இறங்காட்டி எங்கட பெடியள் வெல்லுவினம்,” என்றார் சுவாமி கடைசியில்.

“ஓம், சுவாமி.”

“அது தெரிஞ்சும் என்னட்ட வந்திருக்கிறீர்.”

“வேற சுவாமி இல்லையே.”

சுவாமிக்குச் சிரிப்பு வரும் என்று பார்த்தான். வரவில்லை. அவர் புத்தகத்தை மூடிவைத்தார்.

“இரும். எனக்குப் பதினெட்டு வயசு. உங்களோட பெரிய மட்ச். கடைசி நிமிசம் உங்களுக்கு ஒரு பெனால்டி. உங்கட ஆள் பந்தை வைக்கிறான், நான் கோலுக்குள்ள நிக்கிறன், கோல் கடல் மாதிரி அகலமாத் தெரியுது. இதைப் பிடிச்சா நான் சாமியாராப் போறன் எண்டு மாதாவுக்குச் சொல்லிப்போட்டன்.”

“பிடிச்சீங்களோ?”

சுவாமி தன்னுடைய அங்கியைத் தொட்டுக் காட்டினார்.

அந்தப் பெனால்டி உள்ளே போயிருந்தால் இந்த மனிதருக்கு இப்போது பிள்ளை குட்டி இருந்திருக்கும், கடை இருந்திருக்கும், ஒரு தொப்பை இருந்திருக்கும் என்று றெமிஜியஸ் நினைத்தான். “நீங்கள் மாத்திக் கேக்கேல்லையோ?” என்றான் மெல்ல.

“ஆரிட்டக் கேக்கிறது? எங்கட பங்குச் சுவாமி பூவரசந்துறையில படிச்சவர்.” இப்போதுதான் சிரித்தார். “கவலையில்லை, றெமி. சாமியார் வேலை எனக்குப் பிடிச்சுப்போச்சு. ஆனா உங்கட மட்செல்லாம் ஞாயிறு. ஞாயிறு காலமை எனக்கு இஞ்சை பூசை, பின்னேரம் கார்ஜ் கோயில்ல பூசை. பரிஸுக்கு வந்து பதினாறு வருசம். ஒரு மட்சும் பார்க்கேல்லை.”

“வீடியோ அனுப்புவினமே, சுவாமி.”

“வீடியோவில பந்துதான் தெரியும். பயம் தெரியாது.”

பிறகு சுவாமி எழுந்து கதவைச் சாத்தினார். திரும்பி வந்து உட்கார்ந்தபோது குரல் பூசைக் குரலாக மாறியிருந்தது.

“நேர்த்தியை மாத்திறதெண்டா சமனான பாரம் இருக்கவேணும். ஞாயிறு நீர் இறங்கும். அதுக்குப் பிறகும் கால் விடுமட்டும் விளையாடும். ஆனா ஒவ்வொரு மட்சும் முடிஞ்ச கையோட என்னட்ட வரவேணும். வந்து முழுக்கச் சொல்லவேணும். உமக்கு எங்கை பயம் வந்தது, எங்கை பிழைவிட்டனீர், எல்லாம். வெறும் கோலுக்கு வெளியால அடிச்சாலும் மறைக்கக்கூடாது. எங்களை வென்றாலும் வந்து என்ர முகத்தைப் பார்த்துச் சொல்லவேணும்.”

விளையாடாமல் இருப்பதே லேசு என்று ஒரு கணம் தோன்றியது றெமிஜியஸுக்கு. ஆலங்கரையானுக்கு முன்னால் உட்கார்ந்து தன் பிழைகளை எண்ணி எண்ணிச் சொல்வதென்பது சும்மா காரியமா? ஆனாலும் சுவாமியின் முகத்தைப் பார்த்தான். இந்த மனிதர் எவ்வளவு காலமாக இதற்குக் காத்திருந்திருக்கிறார்.

“ஓம், சுவாமி. வருவன்.”

“அப்ப இப்பவே தொடங்கும். ஸ்ராஸ்பூர். பனி எப்பிடி இருந்தது?”

“பனியெண்டால், சுவாமி, கையை நீட்டினா கை தெரியேல்லை. பந்து வாற சத்தம் மட்டும்தான்...”

சுவாமி கண்ணை மூடிக்கொண்டார். மேசைக்கு மேலே அவருடைய இரண்டு கைகளும் மெல்ல விரிந்து, பந்துக்காகக் காத்து நின்றன.