இருபத்தைந்தாவது பெயர்

ரம்லத் பீவி செருப்பைக் கழற்றாமல் உள்ளே வந்தபோதே விஷயம் பெரியது என்று செவந்திக்குத் தெரிந்துவிட்டது. வன்னிமேடு கடைவீதியில் செவந்தி தையல் கடை போட்ட நாளிலிருந்து வந்துபோகிறவள் ரம்லத். செருப்பை வாசலில் ஜோடியாகத் திருப்பி வைத்துவிட்டு, ஒரு சொம்பு தண்ணீர் குடித்து, மின்விசிறிக்கு நேராக ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்த பிறகுதான் வாயைத் திறப்பாள். அதற்குள் செவந்தி மூன்று வீட்டுச் செய்தியைச் சொல்லி முடித்திருப்பாள். அன்றைக்கும் ஒன்று தயாராக இருந்தது. பிளேடால் அவள் பிரித்துக்கொண்டிருந்த ரவிக்கை யாருடையது, ஆறே மாதத்தில் அது ஏன் பத்தாமல் போனது என்பதைக் காலையிலிருந்து யாரிடமும் சொல்லாமல் ரம்லத்துக்கென்றே எடுத்து வைத்திருந்தாள்.

“ஷாகிரு பாஸ்போர்ட்டு நின்னுபோச்சு செவந்தி.”

“எங்கிட்டு நின்னுச்சு?”

“ஸ்டேசன்ல. விசாரணைக்குக் கூப்ட்டாங்கன்னு போனான். அவன் பேரு ஒரு லிஸ்ட்ல இருக்காம். கெட்டுப்போற பயலுவ லிஸ்ட்டாம்.” மகனைப் பற்றிச் சொல்வதற்குள் ரம்லத்துக்கு மூச்சு வாங்கியது. “ஒன் சங்கத்துலேருந்து போன லிஸ்ட்டுன்னு சொல்றாக.”

செவந்தியின் கையிலிருந்த பிளேடு தையலை விட்டு விலகி, ரவிக்கையின் நல்ல பக்கத்தில் ஒரு விரல் நீளத்துக்குக் கோடு கிழித்தது.

அந்தப் பட்டியலின் கதையை வன்னிமேட்டில் அவரவர் வசதிக்கு ஒரு விதமாகச் சொல்வார்கள். நடந்தது இதுதான். போன வருடம் ஆடி மாதத்தில் ஊருக்குள் இரண்டு சங்கிலிப் பறிப்பும் மூன்று பைக் திருட்டும் அடுத்தடுத்து நடந்தன. செய்தவர்கள் வெளியூர்க்காரர்கள், பிடிபட்டும் போனார்கள். ஆனாலும் பேரூராட்சிக் கூட்டத்தில் ஆளாளுக்குக் குரலை உயர்த்தி, குற்றம் நடந்தபின் பிடிப்பதைவிட நடக்காமல் தடுப்பதே மேல், அதற்கு ஊரிலுள்ள சங்கங்களுக்கு நிதி கொடுத்து இளைஞர்களை நல்வழிப்படுத்துவது என்று தீர்மானம் போட்டார்கள். தீர்மானத்தின் மை காய்வதற்குள் செல்போன் கடை நிலவழகன் ‘புதுப்பாதை நலச் சங்கம்’ என்று பலகை எழுதக் கொடுத்துவிட்டான். அவன் தலைவர். செயலாளர் செவந்தி. எந்த வீட்டில் எவன் எத்தனை மணிக்கு எழுந்திருக்கிறான், எவன் யாரோடு மொட்டைமாடியில் போன் பேசுகிறான் என்கிற விவரமெல்லாம் பேரூராட்சியில் கிடையாது, செவந்தியிடம் இருந்தது. அந்தத் திறமைக்கு அதுவரை ஊரில் வேறு பெயர் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

விண்ணப்பத்தில் ஓர் இணைப்பு இருந்தது. ‘வழிதவறும் வாய்ப்புள்ள இளைஞர்கள், குறைந்தது இருபத்தைந்து பேர், உரிய காரணத்துடன்.’ மூன்று தெருவைச் சலித்ததில் நேர்மையாக ஏழு பேர்தான் தேறினார்கள். அதிலும் ஒருத்தன் மலைக்கு மாலை போட்டிருந்தான். ஏழு பேரை வைத்துக்கொண்டு எந்த ஆபீசில் போய் நிற்பது என்று நிலவழகன் நொந்துகொண்டான். நம் ஊர்ப் பையன்கள் இந்த அளவுக்கு நல்லவர்களாக இருப்பார்கள் என்று அவன் எதிர்பார்க்கவே இல்லை.

அதற்குள் செவந்தி பெயர் எழுதுகிறாள் என்ற செய்தி தெருவுக்குள் போய்விட்டது. பெயர் எழுதிப்போனால் என்னவோ வரும். வெள்ளாடு அப்படித்தான் வந்தது, மிக்ஸி அப்படித்தான் வந்தது, தொகுப்பு வீடும் அப்படித்தான் வந்தது. என்ன லிஸ்ட் என்று கேட்டுக்கொண்டு நின்றவர்கள் வீட்டுக்கு ஒன்றும் வரவில்லை. ஆகவே தாய்மார்கள் கேட்காமல் வந்தார்கள்.

“எம் மவன் பேரையும் போட்டுக்கங்கக்கா” என்றாள் அதே தெரு வனிதா.

“அவந்தான் ஒழுங்கா வேலைக்குப் போறானேடி.”

“போன வாரம் ரெண்டு நாளு போகலக்கா.”

“அது பத்தாது. தண்ணி கிண்ணி போடுவானா?”

“போடுவான், போடுவான். எழுதுங்க. அவன் போடலைன்னாலும் அவங்கப்பா போடுறாருல்ல?”

இப்படி ஒவ்வொருத்தியும் பெற்ற பிள்ளையைப் பற்றிக் குறை சொல்ல, குறை பத்தவில்லை என்று செவந்தி கூட்டிச் சேர்த்து எழுத, இரண்டே நாளில் இருபத்து நான்கு பேர் கெட்டுப்போனார்கள். கடைசியாக வந்தவள் ரம்லத். கணவர் ஹாஜா முகைதீன் கட்டுமாவடியிலிருந்து மீன் எடுத்து வந்து விற்கிறவர். அன்றைக்கு விற்றுமுடிந்த நெத்திலியில் ஒரு கூறு எடுத்துக்கொண்டுதான் வந்தாள்.

“ஷாகிருக்கு என்னத்த எழுதுறது ராத்தா? தெருவுல நடந்தா நாய்க்கு வழி விட்டுட்டுப் போற புள்ள.”

“என்னத்தையாவது எழுது. காலேசு முடிச்சதுலேருந்து போனைப் பாத்துக்கிட்டுப் பாய்லயே கெடக்குறான். கம்ப்யூட்டர் கிளாசு வருதாம்ல, அதுல ஒரு எடம் கெடச்சாச் சரி.”

காரணங்களுக்கு மாதிரியாக விண்ணப்பத்திலேயே நாலைந்து சொற்கள் அச்சிட்டிருந்தார்கள். அதில் பார்க்க லட்சணமாக இருந்ததை எடுத்து ஷாகிர் பெயருக்கு நேரே எழுதினாள் செவந்தி. கூடாநட்பு. கையெழுத்தும் அழகாக விழுந்தது.

தன் மகன் அஜித் பெயரை மட்டும் அவள் எழுதவில்லை. பதவி வந்ததும் முதலில் தன் வீட்டுக்கு அள்ளிக்கொண்டாள் என்று ஊர் நாக்கு மேல் பல்லைப் போட்டுப் பேசும். எழுதாமல் விட்டதோடு நிற்காமல், விட்டுவிட்டேன் பார் என்று நாலு பேரிடம் சொல்லியும் வைத்தாள். என்ன நியாயமான பொம்பளை என்று இரண்டு பேர் மெச்சவும் செய்தார்கள்.

நிதி வந்தது. வாலிபால் வலை வந்தது. சமுதாயக் கூடத்தில் ஆறு கம்ப்யூட்டர் போட்டு வகுப்பும் நடந்தது. அதில் ஒரு நாள் தவறாமல் போனவன் ஷாகிர்தான். அங்கே படித்த படிப்பை நம்பித்தான், கத்தாரில் இருக்கும் மாமன் முகமது அஸ்வர் அவனை ஒரு கிடங்கு ஆபீசுக்குக் கேட்டிருந்தான். இருபதாம் தேதிக்குள் பாஸ்போர்ட் நம்பர் போய்ச் சேர்ந்தால் விசா. இல்லாவிட்டால் அந்த இடம் வேறு ஆளுக்கு. இன்றைக்குத் தேதி பதினொன்று.

கடையைப் பாதியில் சாத்திவிட்டு இரண்டு பேரும் பேரூராட்சி அலுவலகத்துக்குப் போனார்கள். வழியில் செவந்தி வாய் ஓயாமல் ஆறுதல் சொன்னாள். ஒரு பெயரை அடிப்பதற்கு என்ன ஆகும், ஒரு கோடு போதாதா என்றாள். திட்டப் பிரிவில் இருந்த ஆண்டியப்பன் பொறுமையான மனிதர். கோப்பை எடுத்துத் தூசி தட்டி, எச்சில் தொட்டுப் பக்கம் புரட்டினார்.

“புள்ளைவளுக்கு நல்லது செய்யத்தானே சார் எழுதிக் குடுத்தோம்?” என்றாள் செவந்தி. “இது எப்பிடி ஸ்டேசனுக்குப் போச்சு?”

“நல்லதுதாம்மா செய்யுது. குற்றத்தைத் தடுக்குற நிதி. யாரைத் தடுக்கணும்னு தெரிஞ்சாத்தானே தடுக்க முடியும்? ஒரு காப்பி எங்களுக்கு, ஒரு காப்பி ஸ்டேசனுக்கு. பாரத்துக்கு அடியில போட்டிருக்கே, பாக்கலையா?”

போட்டிருந்தது. சின்ன எழுத்து. எதிர்வீட்டு ஜன்னலில் உதடு அசைவதைப் பார்த்தே பேச்சைப் பிடித்துவிடும் செவந்தி, அந்த வரியைப் படிக்காமல் விட்டிருந்தாள். இருபத்தைந்து பையன்களும் வரிசையாக ஸ்டேஷன் வாசலில் நிற்பதுபோல ஒரு நொடி கண்ணில் வந்துபோயிற்று.

ஆண்டியப்பன் விரலை ஓட்டிக் கடைசி வரிக்கு வந்தார். “இருபத்தஞ்சு. ஷாகிர், தகப்பனார் ஹாஜா முகைதீன், வயசு இருபத்திரண்டு. காரணம், கூடாநட்பு.”

ரம்லத் மெதுவாகத் திரும்பினாள். பார்த்தது ஆண்டியப்பனை அல்ல.

“யாரு கூட?”

செவந்தி கோப்பின் கடைசி வரியையே பார்த்தாள்.

“அவனுக்கு இந்த ஊர்ல இருக்குறது ஒரே ஒரு கூட்டாளி. காலேசுக்கு ஒரே பஸ்ல போனானுவ. நோம்புக் கஞ்சிய ஒரே தூக்குல வாங்கிட்டு வந்து எங்கூட்டு அடுப்படியில ஒக்காந்து குடிச்சானுவ. வேற யாரு கூடச் சேந்து எம் மவன் கெட்டான் செவந்தி?”

ஆண்டியப்பன் மூக்குக் கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, “யாரும்மா அந்தப் பையன்? இதுல இருக்கானா?” என்று ஆர்வமாகக் கேட்டார். அந்தக் கூட்டாளி அஜித். பட்டியலை எத்தனை முறை புரட்டினாலும் அதில் அவன் இல்லை. ஏன் இல்லை என்று செவந்தி இனிமேல் சொன்னால் யார் நம்புவார்கள்? நாலு பேரிடம் பெருமையாகச் சொல்லிவைத்த காரணம், இப்போது நினைத்துப் பார்த்தால் அவளுக்கே பொய்போலத் தோன்றியது.

“தெரியாம எழுதிட்டோம்னு ஒரு லெட்டர் தர்றேன் சார்.”

“அப்பிடிக் குடுத்தா பொய் லிஸ்ட்டக் காட்டி நிதி வாங்குனதா ஆயிரும்மா. ஒங்க மேலயும் தலைவர் மேலயும் கேசு வரும். பையன் விவகாரம் இன்னும் இழுக்கும். அதுக்கு வேற வழி இருக்கு.” இழுப்பறையிலிருந்து ஒரு தாளை எடுத்தார். “திருந்தியோர் படிவம். சங்கம் திருத்துச்சு, பையன் திருந்திட்டான்னு செயலாளரும் பெத்தவங்களும் கையெழுத்துப் போட்டாப் போதும். ஸ்டேசனுக்கு நானே லெட்டர் அனுப்பிருவேன். சங்கத்துக்கும் நல்ல பேரு.”

“கெடாதவன் எப்பிடிங்க திருந்துவான்?” என்றாள் ரம்லத்.

நியாயமான கேள்விதான். ஆனால் படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

‘என் மகன் தீய வழியிலிருந்து மீண்டு நல்வழிக்கு வந்துவிட்டான் என உறுதி கூறுகிறேன்’ என்று அச்சிட்டிருந்ததை ரம்லத் எழுத்துக் கூட்டி மூன்று முறை படித்தாள். முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு, பேனாவை அழுத்திப் பிடித்து, ரேஷன் கடையில் போடுவதுபோலவே ஒவ்வொரு எழுத்தாகக் கையெழுத்துப் போட்டாள். பிறகு பேனாவை மேஜையில் வைத்துத் தன் பக்கத்திலிருந்து தள்ளிவிட்டாள்.

“பின்பக்கத்தையும் பூர்த்தி பண்ணணும்” என்றார் ஆண்டியப்பன். “ஒருத்தரை எடுத்தா அந்த எடத்துக்கு ஒருத்தரைப் போடணும். இருபத்தஞ்சு குறையக்கூடாது. குறைஞ்சா திட்டமும் நின்னுரும், இந்தப் படிவமும் செல்லாது. நாளைக்குப் பன்னெண்டு மணிக்குள்ள கொண்டாங்க. பெத்தவங்க கையெழுத்து இதுக்கு வேணாம். செயலாளர் எழுதுனாப் போதும்.”

செவந்தி தாளைத் திருப்பினாள். பெயர், தகப்பனார் பெயர், வயது, காரணம். நாலு கட்டமும் வெள்ளையாக இருந்தன.

பள்ளிவாசல் முனை வரைக்கும் ரம்லத் இரண்டடி முன்னாலேயே நடந்தாள். அங்கேதான் இருவர் வீட்டுக்கும் வழி பிரியும். அவள் நின்றாள்.

“அஜித்து போலீசு வேலைக்குத் தேறிட்டான்ல? எப்ப விசாரிக்க வாராங்க?”

“திங்கக்கெழம ராத்தா.”

“ம்.”

“நீங்க சொல்லுங்க ராத்தா. யாரு பேர எழுதட்டும்?”

“நான் யாரு பேரையும் சொல்ல மாட்டேன்” என்றாள் ரம்லத். “எனக்கு அந்தப் பழக்கம் இல்ல.”

சொல்லிவிட்டு வெயிலில் போய்விட்டாள். கோபமாகச் சொல்லியிருந்தால்கூடச் செவந்தி தாங்கியிருப்பாள்.

படிவத்தை நாலாக மடித்துக் கையில் பிடித்துக்கொண்டு அவள் தெருவுக்குள் திரும்பினாள். ஒரு பெயர்தானே வேண்டும் என்று மனதைத் தேற்றிக்கொண்டாள். இந்தத் தெருவில் அவளுக்குத் தெரியாத வீடு உண்டா? முதல் வீட்டுக்காரன் போன பொங்கலுக்குச் சேவல் சண்டையில் போலீசைப் பார்த்து ஓடியவன். ஆனால் அவனுக்கு வயது நாற்பது. அடுத்து பெட்டிக்கடைக்காரர் மகன் கார்முகில். பஞ்சாயத்துக் குழாயை உடைத்தவன் என்று அவள்தான் ஊரெல்லாம் சொன்னாள். அவன் உடைத்ததை அவள் பார்த்தாளா என்று இப்போது தன்னையே கேட்டுப் பார்த்தாள். பார்க்கவில்லை. இன்னொருத்தன் வேதாரண்யத்துப் பெண்ணைக் கூட்டிக்கொண்டு ஓடப்போகிறான் என்று சொல்லி ஒன்றரை வருடம் ஆகிறது, இன்னும் ஓடவில்லை. வாயில் போட்டு மெல்லும்போது ருசியாக இருந்த செய்தி ஒன்றுகூடக் கட்டத்துக்குள் எழுதத் தேறவில்லை.

ஷாகிரின் கதை அவளுக்கு முன்பே தெருவுக்கு வந்து சேர்ந்திருந்தது. வாசலில் பைக் கழுவிக்கொண்டிருந்த கார்முகிலை அவன் அம்மா சட்டையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தினாள். பைக்கில் சோப்பு நுரை அப்படியே வழிந்துகொண்டிருந்தது. அடுத்த வீட்டில் ஒரு ஜன்னல் சாத்தப்பட்டது. அதற்கடுத்த வீட்டில் கம்பிக் கதவும் மரக் கதவும். இருபது வருடமாக அவள் போகிற போக்கில் தலையை நீட்டி, ‘என்ன கொழம்பு?’ என்று கேட்டுவிட்டுப் போன வாசல்கள். பேர் எழுதச் சொல்லி அன்றைக்கு அவள் முந்தானையைப் பிடித்துக்கொண்டு நடந்த வனிதா, வீட்டுக்குள்ளிருந்தே, “எம் மவன் இன்னைக்கும் வேலைக்குப் போயிட்டாங்க்கா! தெனமும் போறாங்க்கா!” என்று கத்தினாள். தாழ்ப்பாள் விழுந்த சத்தம் கேட்டது.

தெருக் கடைசியில் ஒரு வீடுதான் திறந்திருந்தது. அது அவளுடையது.

உள்ளே அஜித் பலகையில் போர்வையை விரித்து வெள்ளைச் சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தான். திங்கட்கிழமைக்கான சட்டை. நனைத்துப் பிழிந்ததுபோலத் தண்ணீரைத் தெளித்து வைத்திருந்தான்.

“நல்ல நேரத்துல வந்தம்மா. இந்தக் காலரைச் செத்தப் புடி, சுருங்கிச் சுருங்கிப் போகுது.”

செவந்தி ஒரு கையில் படிவத்தோடு மறுகையால் காலரின் நுனியைப் பிடித்தாள். அவன் பெட்டியை அழுத்தித் தன் பக்கத்திலிருந்து அவள் விரல்களை நோக்கித் தள்ளிக்கொண்டு வந்தான். ஈரத் துணியிலிருந்து ஆவி சீறிக்கொண்டு எழுந்து, இரண்டு பேருக்கும் நடுவில் நின்றது.