சட்டையில் பதிவான பதில்

1

இந்தக் கதை ஒரு சட்டையிலிருந்து வந்தது. சும்மா சொல்லவில்லை, இதோ என் நாற்காலியின் முதுகில்தான் தொங்குகிறது. காலர் நைந்துபோய், திருப்பித் தைத்த பழுப்புச் சட்டை. என்னுடையது இல்லை. கோபால்சாமி என்பவருடையது. அவரை நான் பார்த்ததே இல்லை. மூன்று வருடமாக யாருமே பார்க்கவில்லை.

முதலில் இப்படி ஆரம்பித்தேன்: ‘ஜவ்வாது மலையின் மடியில் பனி இறங்கும்—’ வேண்டாம். அந்த வாக்கியத்தைத்தான் படத்துக்காக டிரோனில் எடுத்துவிட்டோமே.

அடுத்தது: ‘காணாமல் போகிறவர்கள் எங்கே போவதில்லை என்றால்—’ இது எனக்கே புரியவில்லை. அடித்துவிட்டேன்.

சரி, நடந்ததை நடந்தபடி சொல்கிறேன்.

2

என் பெயர் இளவரசன், ஊர் போளூர், வேலை ஒலிப்பதிவு. ஒரு ஓடிடி நிறுவனத்துக்காக, காணாமல் போனவர்களைப் பற்றிய ஆவணப்படத் தொடர். இயக்குநர் தேவயானி, சென்னைக்காரர். புதூர்நாட்டுக்கு மேலே ஒரு சின்ன ஊரில், கோபால்சாமியைப் பற்றிய பகுதியை எடுத்தோம். புளி உலுக்கக் காலையில் வீட்டை விட்டுப் போனவர் திரும்பவில்லை. ஊரே காடு முழுக்கத் தேடியது. போலீஸ் நாய்கூட வந்தது. ஒரு செருப்புகூடக் கிடைக்கவில்லை.

அவர் மனைவி செல்லியம்மாள் கேமரா முன்னால் உட்கார்ந்து சொன்னது இது:

“அருவாள வாசப்படியிலயே வெச்சிட்டுப் போய்ட்டாரு மேடம். நான் பாத்துனுதான் இருந்தேன்.”

“கூப்பிடலையா?” என்றார் தேவயானி.

“இன்னா மேடம், போறவங்கள பின்னாலேர்ந்து கூப்புடலாமா? ஆகாதே. அருவா இல்லன்னா தானா திரும்பி வருவாருன்னு இருந்தேன்.” கொஞ்சம் சிரித்தார். “இன்னும் அப்டித்தான் இருக்கேன்.”

அரிவாளும் அப்படித்தான் இருந்தது. அதே படியில், துருப்பிடித்து. யாரும் அதை நகர்த்துவதில்லை, தாண்டித்தான் போகிறார்கள்.

(என் வீட்டிலும் இதே கதைதான். பைக் சாவியை மறந்தால் அம்மா தெருமுனை வரைக்கும் மூச்சிரைக்க ஓடி வருவாள், வாயைத் திறந்து கூப்பிட மாட்டாள்.)

காரியம் செய்துவிடலாம் என்று சொந்தக்காரர்களும் மகள் அபிநயாவும் கெஞ்சிப் பார்த்திருக்கிறார்கள். கடைசியில் செல்லியம்மாள் இறங்கி வந்திருந்தார்: இந்தப் படம் எடுத்து முடியட்டும், முடித்துவிடுகிறேன் என்று. நெற்றியில் பொட்டு அதுவரைக்கும்தான்.

3

இந்த மாதிரிப் படங்களில் காணாமல் போனவர் நடந்து போவதை முதுகுப் பக்கமிருந்து காட்டுவது வழக்கம். தேவயானி சுற்றிலும் பார்த்தார். கோபால்சாமியின் உயரம் எனக்குத்தான் இருந்தது. கொடியிலிருந்து சட்டையை எடுத்துக் கொடுத்தார் செல்லியம்மாள். காலருக்குள் மைக்கை நானே மாட்டிக்கொண்டேன்.

“உனக்கு லூசா கீது தம்பி. அவருக்குத் தோள் பெருசு.”

“அண்ணா, எங்கப்பா இப்டி முள்ளு மேல நடக்கற மாதிரி நடக்க மாட்டாரு,” என்றாள் அபிநயா. “நீ பூனை, அவரு எருமை.”

“அடிங்க, எருமையாம்!” என்றார் செல்லியம்மாள்.

தேவயானி, “இளவரசா, என்ன ஆனாலும் திரும்பாத. முகம் தெரிஞ்சா ஷாட் போச்சு. அம்மா, நீங்க வாசல்ல நின்னு பாத்தா போதும், பேச வேணாம்” என்றார்.

நடந்தேன். நல்ல வெயில். சாமைக் கொல்லை வரப்பு, அதற்கப்பால் புளியமரங்கள். பாதி வரப்பு தாண்டியிருப்பேன்.

“இன்னாங்க... அருவா!”

மூன்று வருடம் தொண்டையிலேயே இருந்த குரல். என் முதுகில் வந்து அறைந்தது. நான் திரும்பவில்லை. திரும்பக்கூடாது என்பதுதான் வேலை. வாயைத் திறக்கவும் இல்லை.

(கடைசி வாக்கியத்தை அடித்துவிட்டு மறுபடி எழுதியிருக்கிறேன். இருக்கட்டும்.)

“கட்” கேட்டுத் திரும்பியபோது வாசலில் யாரும் இல்லை. செல்லியம்மாள் உள்ளே போய்விட்டிருந்தார். கிளம்பும் அவசரத்தில் சட்டை என் பையோடு வந்துவிட்டது.

4

போளூரில் என் அறையில் உட்கார்ந்து ஒலியைக் கேட்டேன். செருப்புச் சத்தம். என் மூச்சு. “இன்னாங்க... அருவா!” அந்த இடத்தில் மூச்சு நின்றுவிடுகிறது. பிறகு, மிகப் பக்கத்தில், காலரை உரசிக்கொண்டு:

“வர்றேன்.”

அவ்வளவுதான். பதற்றமில்லாத குரல். தினமும் கூப்பிடப்படுகிறவன் சொல்கிற மாதிரி. கேமரா மைக்கில் அது இல்லை. சட்டையில் மட்டும்தான் இருந்தது.

தேவயானிக்கு அனுப்பினேன். உடனே கூப்பிட்டார்.

“டேய், இது நீயா?”

“இல்ல மேடம்.”

“அப்ப ரொம்ப நல்லது. நீயா இருந்தாலும் ரொம்ப நல்லது.”

நிறுவனத்துக்கும் பிடித்துப்போயிற்று. படம் அந்தச் சொல்லோடுதான் முடிய வேண்டுமாம்.

5

இந்தக் கதையில் எனக்கு நம்பிக்கையில்லாத பாத்திரம் ஒன்று உண்டு. நான்தான்.

கூப்பிட்டால் பதில் சொல்வது பழக்கம், என்னையறியாமல் வாயில் வந்திருக்கலாம் இல்லையா? சோதித்துப் பார்த்தேன். அதே மைக், அதே சட்டை. “வர்றேன்.” ஒத்துப்போகவில்லை; என் குரல் மெலிசு, அவசரக் குரல். மறுநாளும் சொல்லிப் பார்த்தேன். அதற்கடுத்த நாளும். [இங்கே அதிர்வெண் பற்றி ஒரு பத்தி இருந்தது. பயத்தில் எழுதியது, எடுத்துவிட்டேன்.] நேற்று என் பதிவையும் மலைப் பதிவையும் கலைத்துப் போட்டுக் கேட்டேன். எது எது என்று எனக்குத் தெரியவில்லை.

சமையலறையிலிருந்து அம்மா கேட்டாள்: “யார்ரா வந்திருக்கறது?”

6

இன்று காலை செல்லியம்மாள் போன் செய்தார்.

“தம்பி, சட்டைய எடுத்தாந்து குடுத்துடு. காரியத்துக்கு வேணும்.”

“வர்ற...” என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டேன். “கொண்டாறேம்மா.”

“அன்னிக்கு நான் கூப்ட்டேனே. உன் மிசின்ல இன்னா கேட்டுது?”

“நேர்ல சொல்றேம்மா.”

“சொல்லு. ஒண்ணும் கேக்கலன்னா கேக்கலன்னு சொல்லிடு. முடிச்சிட்றேன்.”

ஆக, முடிவுகள். ஒன்றும் கேட்கவில்லை என்று சொல்லலாம். காரியம் நடக்கும், பொட்டு போகும், அப்புறம் ஒருநாள் அபிநயாவின் போனில் படம் ஓடும், அந்தச் சொல்லை அவர் கேட்பார். அந்த முடிவை என்னால் எழுத முடியாது. பதிவை அப்படியே போட்டுக் காட்டலாம். பிறகு சாகும்வரை அவர் வாசலை விட்டு நகர மாட்டார். அல்லது, “நான்தாம்மா சொன்னேன், வாய் தவறி வந்துச்சு” என்று சொல்லலாம். எல்லோருக்கும் நல்லது. ஆதாரம்கூட இருக்கிறது. அது பொய்யா என்பது மட்டும்தான் எனக்குத் தெரியவில்லை.

மூன்றாவதைத்தான் சொல்லப்போகிறேன். நான்தாம்மா சொன்னேன். வழி முழுக்க மனப்பாடம் செய்துகொண்டே போவேன்.

7

மிச்சத்தை ஜீப்பில் உட்கார்ந்து போனில் தட்டுகிறேன். மேலே ஏற ஏறக் குளிர். பையில் வேறு எதுவும் இல்லை, சட்டையைத்தான் போட்டுக்கொண்டேன். தோள் இப்போது லூசாக இல்லை.

ஜீப் நின்றுவிட்டது. இங்கிருந்தே வீடு தெரிகிறது. செல்லியம்மாள் வாசலில் நிற்கிறார். வெயில் கண்ணில் அடிக்க, கையை நெற்றிக்கு மேல் வைத்து இந்தப் பக்கம் பார்க்கிறார். என் முகம் தெரிகிறதா, சட்டை மட்டும் தெரிகிறதா, சொல்ல முடியவில்லை.

படியில் அரிவாள் இல்லை.

காரியத்துக்காக அவரே எடுத்து வைத்திருக்கலாம். இருக்கும்.

வாயைத் திறக்கிறார். வருகிறவனை முன்னாலிருந்து கூப்பிடுவதில் எந்தத் தோஷமும் கிடையாது.

“இன்னாங்க...”

மனப்பாடம் செய்த வாக்கியம் நினைவுக்கு வரவில்லை. இதைப் படிக்கிற உங்கள் குரலை அவர் இதுவரை கேட்டதில்லை. தயவுசெய்து, காலர் முந்திக்கொள்வதற்குள், நீங்கள் ஏதாவது சொல்லுங்கள்.