இன்னும் இருக்கிறீர்களா?

டிவி 'டிங்' என்றதும் தையல் மெஷினை அப்படியே போட்டுவிட்டு, உதட்டில் கவ்விய குண்டூசியோடு அவள் கூடத்துக்கு ஓடி வந்தாள். யாருடைய கால்சட்டையோ தோளில் தொங்கியது. திரையின் நடுவே ஒரு கட்டம் வந்திருந்தது. 'இன்னும் இருக்கிறீர்களா?' நாற்காலிக் கையில் வைத்திருந்த ஜாய்ஸ்டிக்கை எடுத்து, 'இருக்கிறேன்' என்பதை அழுத்தினாள். கட்டம் மறைந்தது. மழை பெய்யும் ஒரு பண்ணையில், தொப்பி போட்ட குட்டி மனிதன் ஒருவன் தன் வீட்டு வாசலில் சும்மா நின்றுகொண்டிருந்தான். நாற்காலியில் யாரும் இல்லை.

ஊரிலிருந்து அப்போதுதான் வந்து இறங்கிய மகள் வாசலிலேயே பெட்டியோடு நின்றுவிட்டாள்.

"யாரும்மா விளையாடுறா?"

"யாரும் இல்ல. அது சும்மா ஓடிட்டு இருக்கு."

"சும்மா ஓடுறதுக்கா நீ இப்படி விழுந்தடிச்சு ஓடி வர்ற?"

அவள் குண்டூசியைச் சேலைத் தலைப்பில் குத்திக்கொண்டு, காபி போடுகிறேன் என்று சமையலறைக்குள் நழுவிவிட்டாள். எத்தனை வயதானாலும் பெற்ற மகளிடம் பொய் சொல்ல அவளுக்கு முகம் ஒத்துழைப்பதில்லை.

டிரைவர் என்றால்தான் அந்தத் தெருவில் அவள் புருஷனைத் தெரியும். காலம் முழுக்க டவுன் பஸ் ஓட்டிய மனுஷன். ஓய்வு பெற்று, முட்டியும் மக்கர் பண்ண ஆரம்பித்ததும், வீட்டில் கால் ஒரு இடத்தில் நிற்காமல் அவள் உயிரை வாங்கினார். மெஷினுக்கு எண்ணெய் விடாதே என்பார், விடு என்பார். பார்த்துச் சகிக்காமல் மருமகன்தான் டிவியில் அந்த ஆப்பைப் போட்டுக் கொடுத்தார். விளையாட்டுப் பெட்டி கிட்டி எதுவும் வேண்டாம் மாமா, விளையாட்டு எங்கேயோ தூரத்தில் ஒரு கம்ப்யூட்டரில் ஓடும், இங்கே படம் மட்டும் வரும் என்றார். டிரைவர் எடுத்த எடுப்பில் கார் ரேஸைத் தள்ளிவிட்டார். "ஓட்டுனது போதும்" என்று பண்ணை விளையாட்டைப் பிடித்துக்கொண்டார். பூசணி போட்டார், கிணறு வெட்டினார், மாட்டுக்குத் தண்ணீர் காட்டினார். வீட்டில் ஒரு செடிக்குத் தண்ணீர் ஊற்றாதவர் அங்கே அப்படி உழைத்தார். அவள் அவருக்குப் பண்ணையார் என்று பேரே வைத்துவிட்டாள்.

அதில் ஒரே ஒரு தொல்லை. கொஞ்ச நேரம் கையை வைக்காமல் இருந்தால் அந்தத் தூரத்துக் கம்ப்யூட்டர் கேள்வி கேட்கும். பதில் சொல்லாவிட்டால் மூடிவிடும். அந்த மனிதனைக் கட்டிலில் படுக்க வைத்தால்தான் அன்றைய பாடு பதிவாகும். நடுவில் மூடினால் நாள் பூராவும் செய்தது வீண். டிரைவரோ சாப்பிட்ட கையோடு நாற்காலியில் சாய்ந்து கண்ணயர்ந்துவிடுவார். உள்ளறையில் தைத்துக்கொண்டிருக்கும் அவளுக்கு 'டிங்' கேட்கும். எழுந்து வந்து, அவர் விரல்களுக்கு நடுவிலிருந்து ஜாய்ஸ்டிக்கை மெல்ல உருவி, அவருக்காக 'இருக்கிறேன்' என்று சொல்லிவிட்டு, திரும்ப விரல்களுக்குள் செருகிவிட்டுப் போவாள். தினமும் நடப்பதுதான். யாரும் யாரிடமும் அதைப் பற்றிப் பேசியதில்லை.

காபியைக் குடித்துக்கொண்டே மகள் திரையின் மேல்மூலையில் ஓடிய எழுத்தைப் படித்தாள். மாதக் கடைசியோடு இந்த மாடல் டிவியில் இந்த ஆப் வேலை செய்யாதாம்.

"டிவி பழசாயிடுச்சும்மா. அதுக்கென்ன, நீதான் எங்கூட வரப்போறியே. எங்க வீட்டு டிவில அப்பா பேரைப் போட்டா பண்ணை அப்படியே வந்துடும்."

"அங்க வேணாம்."

"ஏன்?"

"உன் புள்ளைங்க கை வச்சிட்டு சும்மா இருக்காதுங்க. தெரியாம அவரைக் கட்டில்ல படுக்க வச்சிடும். நாள் மாறிடும்."

"மாறட்டுமே. என்ன நாள் அது?"

வழக்கமாக அவள் வாயை அடைக்க ஆள் வேண்டும். இப்போது தோளில் கிடந்த கால்சட்டையை எடுத்து மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள். மகள் கையிலிருந்த காபி டம்ளரைக் கீழே வைத்தாள்.

"அம்மா. என்ன நாள் அது?"

"அப்பா போன நாள்டி."

பிறகு அடக்கி வைத்ததெல்லாம் கொட்டிவிட்டது. அன்றைக்கு மத்தியானம் 'டிங்' கேட்டு அவள் வந்தபோது பூசணியெல்லாம் அறுத்தாகிவிட்டிருந்தது. அந்தக் குட்டி மனிதன் கிணற்றடியில் நின்றான். எப்போதும்போல அழுத்திவிட்டுப் போனாள். ஒரு பள்ளிக்கூடத்துச் சட்டைக்குக் கை வைத்து முடிப்பதற்குள் திரும்பவும் 'டிங்'. வந்து பார்த்தால் அதே கிணற்றடி. ஓரடிகூட நகரவில்லை. பண்ணையாருக்கு இன்றைக்கு நல்ல தூக்கம் என்று சிரித்துக்கொண்டே இரண்டாம் முறையும் அழுத்தினாள். மூன்றாம் முறைதான் அந்த விரல்கள் சில்லிட்டிருப்பது தெரிந்தது.

"அவர் இல்லவே இல்ல. நான் இருக்கேன் இருக்கேன்னு அழுத்திட்டுப் போயிருக்கேன். மொத தடவ வந்தப்ப உசுரு இருந்துச்சோ என்னவோ. மூஞ்சியப் பாக்கல. சட்டை அவசரம். என்னங்கன்னு ஒரு வார்த்தை கூப்பிட்டிருந்தா..."

கூப்பிட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று அவளுக்கும் தெரியாது. தூக்கத்திலேயே போயிருக்கிறார், வலி தெரிந்திருக்காது என்று டாக்டர் சொன்னதைத்தான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தாள். காரியமெல்லாம் முடிந்து ஒருநாள் தனியாக டிவியைப் போட்டபோது, படுக்க வைக்காத அந்த நாள் பதிவாகவில்லை என்று தெரிந்தது. குட்டி மனிதன் அதே மழைக்காலையில் கட்டிலை விட்டு எழுந்து வந்தான். அறுத்த பூசணியெல்லாம் அறுக்காமல் வயலில் கிடந்தது. அன்றிலிருந்து அவனை வாசலில் நிறுத்தி வைத்துக் காவல் காக்கிறாள். மூடினாலும் அதே காலைதான் திரும்ப வரும், ஆனாலும் அந்தக் கேள்விக்கு 'இருக்கிறேன்' என்று சொல்லாமல் விட அவளுக்கு மனசு வரவில்லை. அந்தக் காலையில் டிரைவருக்கு ஒன்றும் ஆகவில்லை.

மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, ஆச்சரியமாக, லேசாகச் சிரித்தாள்.

"அப்பா தூங்குறாருன்னா நெனச்ச நீ?"

"பின்ன?"

"எங்கிட்ட போன்ல சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரும்மா. உன் மெஷின் சத்தம் நிக்கும்ல, உடனே கண்ண மூடிக்குவாராம். நீ எடுக்குறதுக்கு வசதியா விரல லூசா விட்டுக்குவாராம். 'நாள் பூரா மெஷினக் கட்டிட்டு அழுறா, இந்தப் பக்கம் வரவைக்க வேற வழியில்ல, உங்கம்மாகிட்ட போட்டுக் கொடுத்துடாத'ன்னு."

அவளுக்கு அழுகை வரவில்லை. கோபம்தான் முதலில் வந்தது. திருட்டு மனுஷன் என்று வாய்விட்டுச் சொன்னாள். அப்படியானால் அன்றைக்கு முதல் முறை வந்தபோது விரல்கள் லூசாக இருந்தது அவராக விட்டதா, தானாக விட்டதா? இனி யாரைக் கேட்பது? மகள் அவள் கையைப் பிடித்து உட்கார வைத்தாள். ஆறுதலாக என்னென்னவோ சொன்னாள். எதுவும் காதில் ஏறவில்லை.

சாயங்காலம், சாமான் கட்ட அட்டைப்பெட்டி வாங்கி வருகிறேன் என்று மகள் கடைக்குப் போனாள். அவள் மெஷினுக்கு உறையைப் போட்டு மூடினாள். கூடத்துக்கு வந்து, இத்தனை நாள் உட்காராத அந்த நாற்காலியில் உட்கார்ந்தாள். அவர் பாரத்துக்குப் பள்ளமான இடத்தில் அவள் சின்னதாகப் பொருந்தினாள். ஜாய்ஸ்டிக்கை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். திரையில் மழை பெய்துகொண்டிருந்தது.

'டிங்' என்றது.

அவள் சட்டென்று கண்ணை மூடிக்கொண்டாள். உள்ளறையில் சத்தமே இல்லை. எடுப்பதற்குச் சுலபமாக இருக்கட்டும் என்று விரல்களை மெல்லத் தளர்த்தி வைத்துக்கொண்டாள்.