சம்பந்தி மாட்டிய சேம்பர்

முள் நாற்பதிலிருந்து மெல்ல இறங்கியது. முப்பதில் கொஞ்சம் தயங்கியது, இருபதில் யோசித்தது, பிறகு பத்துக்குக் கீழே போய் நிம்மதியாகப் படுத்துக்கொண்டது. மெக்கானிக் அவசரமாகக் காரை ஓரங்கட்டிச் சாவியைத் திருப்பினார்.

"ஆயில் பிரஷர் மீட்டர்தான் பொய் சொல்லுதோ, சம்பந்தி?" என்று கேட்டார் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவர்.

"இருக்கலாம், சம்பந்தி."

"ஒருவேளை புது எஞ்சினுக்கும் நம்ம காருக்கும் இன்னும் பழக்கம் வரலையோ?"

"அதுவும் இருக்கலாம், சம்பந்தி."

மெக்கானிக்கின் மகள் வாழ்க்கைப்பட்டிருப்பது இவருடைய மகனுக்கு. பெண்ணைக் கொடுத்தவரும் பெண்ணை எடுத்தவரும் ஒரே பானட்டுக்கு அடியில் தலையை விட்டுக்கொண்டு வேலை செய்தால் பேச்சு இப்படித்தான் இருக்கும். இருவர் வாயிலிருந்தும் 'இல்லை' என்ற சொல் மட்டும் வராது.

கார் சம்பந்தியுடையது. அரதப் பழசு. ஆனால் விற்றுவிடலாமே என்று யாராவது சொன்னால் அவர் முகம் சுருங்கிவிடும். அதன் பழைய எஞ்சின் வெடிப்பு விட்டுச் செத்துப்போனதும், அதே கம்பெனியின் பிந்தைய மாடலிலிருந்து ஒரு எஞ்சினைத் தேடிப் பிடித்து, மெக்கானிக்கின் ஷெட்டில் இருவருமாக மாற்றினார்கள். அதில் ஒரு சிக்கல் வந்தது. புது எஞ்சினின் ஆயில் சேம்பர், அதாவது அடியில் எண்ணெய் தேங்கி நிற்கும் தொட்டி, காரின் முன் அச்சில் இடித்தது. அதனால் பழைய எஞ்சினின் சேம்பரையும், அதற்குள் எண்ணெயை உறிஞ்சுகிற சல்லடைக் குழாயையும் இதில் மாட்ட வேண்டியதாயிற்று.

"இத என்கிட்ட விடுங்க" என்றார் சம்பந்தி. அவர் தண்ணீர் பம்ப் செய்யும் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அந்தத் தொழிலில் ஒழுகல் ஒன்றுதான் மகாபாவம். சேம்பரை வீட்டுக்கு எடுத்துப்போய்க் கழுவி, நெளிவு எடுத்து, பெயின்ட் அடித்துக் கொண்டுவந்தார். பேக்கிங் வைத்து, அதன் மேல் ஒழுகலை அடைக்கும் நீல நிறப் பேஸ்ட்டை, வேண்டாம் வேண்டாம் என்கிற விருந்தாளிக்குப் பரிமாறுவது போல வளைத்து வளைத்துப் பிழிந்தார். ட்யூப் சப்பையாகிவிட்டது. மாட்டியபின் வெளியே பிதுங்கியதைத் துணியால் அழகாகத் துடைத்தார். உள்ளே பிதுங்கியதை யார் துடைப்பது?

மெக்கானிக் பக்கத்திலேயே நின்று பார்த்தார். சொல்ல வந்ததை மென்று விழுங்கிவிட்டார்.

அந்த ஒரு விழுங்கலுக்கு இப்போது படாத பாடு பட்டுக்கொண்டிருந்தார். மீட்டரை நம்பாமல் ஷெட்டிலிருந்த வேறொரு மீட்டரை எஞ்சினிலேயே நேராக மாட்டிப் பார்த்தார். அதிலும் முள் அதே மாதிரி விழுந்தது. ஃபில்டரை மாற்றினார். எஞ்சினின் பக்கவாட்டில் இருந்த ஆயில் பம்பைக் கழற்றிப் பல்சக்கரங்களின் இடைவெளியை அளந்தார். ஒரு குறையும் இல்லை. தான் முடுக்கிய ஒவ்வொரு போல்ட்டையும் தானே கழற்றி மறுபடி முடுக்கினார். சம்பந்தி கை வைத்த சேம்பரை மட்டும் சாமி சந்நிதியைப் போலச் சுற்றி வந்தார்.

அறிகுறியோ அப்பட்டமாகத் தெரிந்தது. எஞ்சினை நிறுத்திவிட்டு ஒரு டீ குடித்துவிட்டு வந்தால் முள் ஜம்மென்று நாற்பதில் நிற்கும். கொஞ்ச தூரம் ஓட்டினால் விழும். பம்ப் உறிஞ்ச உறிஞ்ச எதுவோ போய்ச் சல்லடையை அடைக்கிறது, நிறுத்தினால் உதிர்ந்துவிடுகிறது. அந்த எதுவோ என்ன நிறம் என்பது வரைக்கும் அவருக்குத் தெரியும். ஆனால் எப்படிச் சொல்வது? மகள் அந்த வீட்டில் இருக்கிறாள். இங்கே ஒரு வார்த்தை விழுந்தால் அங்கே அவள் தட்டில் போய் விழும்.

சம்பந்தி காரைவிட்டு இறங்கும்போது உற்சாகமாகச் சொன்னார். "எப்படியும் ஞாயித்துக்கிழமைக்குள்ள சரியாயிடும். குடும்பத்தோட மலைக்குப் போறோம், சம்பந்தி. மருமகதான் ஓட்டப்போறா!"

மெக்கானிக் மறுபடி மீட்டரைப் பார்த்தார். ஏற்றத்தில் எண்ணெய் போய்ச் சேராவிட்டால் இரும்பை இரும்பு தின்னும். கொண்டையூசி வளைவில் எஞ்சின் இறுகி நின்றால், ஸ்டீயரிங் பிடித்திருப்பது அவருடைய பெண். சொல்லாமலும் இருக்க முடியாது, சொல்லவும் முடியாது. ஆகவே எல்லாக் கோழைகளும் கண்டுபிடிக்கிற வழியை அவரும் கண்டுபிடித்தார். யாருக்கும் தெரியாமல் திறந்து, துடைத்து, மூடிவிட்டு, ஆயில் பிரஷர் சுவிட்ச் கெட்டுப்போயிருந்தது என்று சொல்லிவிடுவது.

சனிக்கிழமை காலையில் ஷெட்டின் கதவைச் சாத்திக்கொண்டு எண்ணெயை வடித்தார். எஞ்சினைச் சற்றே தூக்கி நிறுத்தி, போல்ட்டுகளைக் கழற்றினார். சேம்பர் அசையவில்லை. பேஸ்ட் அப்படிப் பிடித்திருந்தது. மெல்லிய கத்தியை விளிம்பில் நுழைத்துத் தட்டித் தட்டித்தான் பிரிக்க முடிந்தது. உள்ளே சல்லடை முழுக்க நீலப் புழுக்கள் போலப் பேஸ்ட் துணுக்குகள் அப்பியிருந்தன.

கதவு திறந்தது. சம்பந்தி நின்றிருந்தார்; கூடவே மகள். மெக்கானிக் பதறிப்போய்ச் சேம்பரின் மேல் ஒரு பழைய துணியைப் போட்டார். மகள் நேரே வந்து துணியைத் தூக்கினாள்.

"மாமா!" என்றாள். "பேஸ்ட்டா இது? நான் அன்னிக்கே கேட்டேன்ல, ட்யூப் எங்க மாமா, அதுக்குள்ள காலியான்னு?"

"ஒழுகக் கூடாதேன்னுதாம்மா…"

"ஒழுகாது மாமா. ஒழுகுறதுக்கு பிரஷர் இருந்தாத்தானே!"

மெக்கானிக் அவசரமாகக் குறுக்கிட்டார். "பாப்பா! பெரியவங்ககிட்ட இப்படியா பேசுறது? சம்பந்தி, மனசுல வச்சுக்காதீங்க. சின்னப் பொண்ணு. இது… இது நான் வேற எங்கயோ வச்ச பேஸ்ட்டு."

"அப்பா, நீ நீலப் பேஸ்ட்டு வாங்கினதே இல்ல" என்றாள் மகள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பதற்கும் ஒரு திறமை வேண்டும். அது அவரிடம் இல்லை. சம்பந்தி ஒரு துணுக்கை எடுத்து விரலில் உருட்டிப் பார்த்தார்.

"உங்களுக்கு எப்பத் தெரியும், சம்பந்தி?"

"நீங்க பூசும்போதே."

"அப்பவே சொல்லியிருக்கலாமே?"

மெக்கானிக் தரையைப் பார்த்தார். "எங்கக்காவைக் கட்டிக்கொடுத்த புதுசுல எங்கப்பா அவங்க வீட்டுக்குப் போயிருந்தாரு. 'வாசக் கதவு தரையில உரசுது, லேசா இழைச்சா சரியாயிடும்'னு சொன்னாரு. நல்லதுக்குத்தான் சொன்னாரு. அதுக்கப்புறம் அக்கா அந்த வீட்டுல வாயத் தொறந்தாலே, 'கதவைக் குத்தம் சொன்னவர் பொண்ணுதானே நீ'ம்பாங்க. அக்காவுக்குத் தலையெல்லாம் நரைச்சாச்சு. அந்தப் பேச்சு மட்டும் இன்னும் நரைக்கல."

சம்பந்தி டயர் மேல் உட்கார்ந்தார்.

"அப்ப எங்க வீட்டையும் அந்த மாதிரி வீடுன்னு நினைச்சிட்டீங்க."

மெக்கானிக்குச் சுருக்கென்றது. மரியாதை, மரியாதை என்று இத்தனை நாள் பொத்திப் பொத்தி வைத்திருந்தது எதிரே இருக்கிற மனிதரைச் சந்தேகப்பட்டதுதானா? வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்கலாம் என்று நிமிர்ந்தார்.

"அதெல்லாம் வேணாம்" என்று கையமர்த்தினார் சம்பந்தி. "திட்டுங்க."

"என்னது?"

"என்னைத் திட்டுங்க. அதனால எங்க வீட்டுல இவளுக்கு என்ன ஆகுதுன்னு பாத்துடுவோம்."

"வந்து… பேஸ்ட்டு கொஞ்சம் கூடிப்போச்சு, சம்பந்தி."

"இதுவா திட்டு? தபால்காரர்கூட இதைவிடக் கோவமாப் பேசுவாரு."

மெக்கானிக் சல்லடையைப் பார்த்தார். மலை ஏற்றம் கண்ணுக்குள் வந்தது. அவ்வளவுதான், மடை திறந்துவிட்டது. "யோவ் சம்பந்தி! இது எஞ்சினா, தண்ணித் தொட்டியா? கோடு மாதிரி வைக்க வேண்டியதக் கொத்தனார் மாதிரி அப்பி வச்சிருக்கியேய்யா! எம் பொண்ணு ஓட்டப்போற வண்டிய்யா இது!"

சொல்லிவிட்டு அவரே திகைத்து நின்றார். சம்பந்தி மருமகளிடம் திரும்பினார். "பரவால்லம்மா. ஆனா நீ காலைல திட்டுற அளவுக்கு இன்னும் வரல."

மூவருமாகச் சல்லடையைக் கழுவினார்கள். எண்ணெய்ப் பாதைகளில் காற்றடித்தார்கள். புதுப் பேக்கிங் வைத்து, இந்த முறை மெக்கானிக்கே மெல்லிய கோடாகப் பேஸ்ட் வைத்து மூடினார். சம்பந்தி இன்னும் ஒரு சுற்று வைக்கலாமே என்று இரண்டு தடவை சொல்லி, இரண்டு தடவையும் வாங்கிக் கட்டிக்கொண்டார்.

மத்தியானம் மகள்தான் ஓட்டினாள். அப்பா பக்கத்தில், மாமனார் பின்னால். பாலத்தின் ஏற்றத்தில் ஏறி, இறங்கி, மறுபடி ஏறினார்கள். முள் நாற்பதைவிட்டு அசையவில்லை.

"வாராவாரம் போன்ல நல்லா இருக்கேன், நல்லா இருக்கேன்னு சொன்னேனேப்பா" என்றாள் அவள், ரோட்டைப் பார்த்தபடியே. "ஒரு தடவைகூட நம்பலையா?"

எதையாவது சொல்லிச் சமாளிக்கலாம். அவருக்கு மனசு வரவில்லை.

"இல்லம்மா."

அவள் கியரை மாற்றினாள். மாற்றிய கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "இப்ப?"

"இப்ப நம்புறேன்."

"இன்னும் நாலு தடவை என்னைத் திட்டச் சொல்லும்மா" என்றது பின் இருக்கை. "நல்லா நம்பட்டும்."