பவுனு வீட்டுச் செவ்வாய்க்கிழமைகள்

1956 தை மாதம் முதல், விழுப்புரத்தில் மல்லாட்டை என்கிற வேர்க்கடலை மண்டிக்குப் பின்னால் இருந்த பவுனுவின் வீட்டில் செவ்வாய்க்கிழமை நிறுத்தப்பட்டது. காரணம் சிக்கனம். நாத்தனார் கல்யாணத்துக்காக வீட்டுப் பத்திரத்தை வைத்துத் திண்டிவனம் கோதண்டபாணியிடம் வாங்கிய முந்நூறு ரூபாய் இருந்தது. வட்டி மாதாமாதம் போனது. அசல் ஆடாமல் அசையாமல் நின்றது. பவுனுவின் புருஷன் ஆதிநாராயணன் மண்டியில் மூட்டை தைப்பவன். செவ்வாய்க்கிழமை மண்டிக்கு விடுமுறை, கூலி கிடையாது. ஆனால் வீட்டில் இருந்த நான்கு வயிறுகளும் அன்றைக்குத்தான் அதிகமாகக் கேட்டன. பவுனு கூட்டிக் கழித்துப் பார்த்தாள். செவ்வாய்க்கிழமைக்கு ஆகும் செலவு ஒரு ரூபாய். அந்தக் கிழமையே வேண்டாம் என்று முடிவெடுத்தாள்.

திங்கட்கிழமை கதவைச் சாத்தினால் புதன்கிழமைதான் திறப்பாள். நடுவில் அவர்கள் இல்லை. ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்த அண்டை வீட்டார் நான்கு வெறும் பாய்களைக் கண்டு, சரிதான் என்று போனார்கள். கோழி மட்டும் இந்த ஏற்பாட்டுக்கு ஒப்பவில்லை; செவ்வாய்க்கிழமையும் இருந்து முட்டையிட்டது. பிள்ளைகள் இருவரும் ஏழில் ஒரு பங்கு மெதுவாக வளர்ந்ததால் சட்டைத் துணியிலும் கொஞ்சம் மிச்சம். நடுவே அணா போய் நயா பைசா வந்தது, அரிசி விலை ஏறியது; வாரம் ஒரு ரூபாய் தவறாமல் திண்டிவனம் போனது. பத்திரம் கைக்கு வரும் நாளை நினைத்துப் பவுனு சமயத்தில் தானாகச் சிரித்துக்கொள்வாள்.

1961 புரட்டாசியில் பாக்கி ஒரே ஒரு ரூபாய். ஒரு வியாழக்கிழமை காலையில், விட்டுப்போன இருநூற்றுத் தொண்ணூற்றொன்பது செவ்வாய்க்கிழமைகளும் மொத்தமாக வீடு வந்து சேர்ந்தன. ஊரில் வெள்ளி, சனி என்று நாள் நகர, அந்த வீட்டாருக்கு மட்டும் செவ்வாய்க்கு மேல் செவ்வாய். ஆதிநாராயணன் போய்ப் பார்த்தால் மண்டி பூட்டிக் கிடந்தது. மற்றவர்கள் அந்தப் பூட்டிய கதவு வழியாகவே மூட்டை தூக்கிப் போனார்கள். கூலி இல்லை. தள்ளிப்போட்ட பசி வேறு கூடவே வந்திருந்தது. ஒன்பது நாளில் கேப்பைப் பானை காலி. இப்படியே போனால் மறுபடி கடன், பத்திரமும் திரும்பாது.  பவுனு கையில் அந்தக் கடைசி ஒரு ரூபாய் இருந்தும் செவ்வாயில் கொடுக்க வழியில்லை.

பத்தாம் நாள் கோதண்டபாணியே பஸ் ஏறி வந்தார். தள்ளுபடி என்ற சொல்லை அவர் ஜவுளிக்கடைப் பலகையில் மட்டுமே பார்த்தவர்.

“பேஜாரு பண்ணாதம்மா. ஒரு ரூபாவ எடு, ஜல்தி.”

“எங்க ஊட்ல இன்னிக்கி செவ்வாக்கெழமைங்க. காசு வெளிய போவக்கூடாது. நீங்க மட்டும் குடுப்பீங்களா?”

அவரும் கொடுக்கமாட்டார். அதனால் உட்கார்ந்தார். உட்கார்ந்தவரின் பார்வை வீட்டு மூலையில் குவிந்திருந்த செவ்வாய்க்கிழமைகள் மேல் விழுந்தது.

“எத்தினி இருக்குது?”

“எரநூத்தித் தொண்ணூறுங்க.”

“எரநூத்தித் தொண்ணூறு நாளு வட்டி ஓடுமே! சும்மா போட்டு வச்சிக்கினு கீறியே.”

“காசுதான் போவக்கூடாது, கெழம போவலாங்க. அந்த ஒரு ரூபாவுக்கு ஈடா எடுத்துக்கினு பத்திரத்தக் குடுத்துட்டுப் போங்க.”

கோதண்டபாணி பையிலிருந்த பத்திரத்தை எடுத்துக் கொடுத்தார். ஆதிநாராயணன் செவ்வாய்க்கிழமைகளைச் சாக்கில் அடைத்து, கோணி ஊசியால் வாயைத் தைத்துக் கொடுத்தான். கண்டக்டர் சுமைக்கூலி வாங்கினார்.

திண்டிவனத்தில் சாக்கைப் பிரித்த நாளிலிருந்து கோதண்டபாணி வீட்டில் செவ்வாய்க்கிழமைதான். கடன் கேட்டு வந்தவர்களுக்குச் செவ்வாய்க்கிழமை எப்படிக் கொடுப்பது என்று அவரே திருப்பி அனுப்பினார். அவர்கள் அடுத்த தெருவில் வாங்கிக்கொண்டார்கள். அவருடைய மனைவி லட்சுமியம்மாள் செவ்வாய்தோறும் முருகனுக்கு ஒருவேளை விரதம் இருப்பவர். வீட்டு அடுப்பும் கூடவே இருக்கும். பத்து மாதத்தில் கோதண்டபாணி பாதியாக இளைத்தார். சர்க்கரை வியாதிக்கு நல்லது என்று வைத்தியர் சொன்னார்.

அவர் சாக்கோடு பஸ் ஏறிய அன்றே விழுப்புரத்தில் பவுனு பத்திரத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வாய்விட்டு அழுதாள். வெளியே எட்டிப் பார்த்தாள், சனிக்கிழமை. அதற்கடுத்து வந்த செவ்வாய்க்கிழமை ஊருக்கெல்லாம் வந்ததுபோல அந்த வீட்டுக்கும் வந்தது. நான்கு பேரும் இருந்தார்கள். மத்தியானம் கத்திரிக்காய்க் காரக்குழம்பு.